மன்னர் அறைக்கு மரச்சாமான் ஏற்றிய கதை

பீரோ வாசல்படியில் சிக்கி, தூக்கிவந்த பையன்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்பது நம் காலத்துச் சீரழிவு என்று நினைப்பவர்கள் எகிப்துப் பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

கி.மு. 1323 வாக்கில், இருபது வயதைக்கூடத் தொடாமல் மன்னர் துட்டன்காமன் கண்ணை மூடினார். போய்ச்சேர வேண்டிய வீடு தயாராக இல்லை. உடலைப் பதப்படுத்த 70 நாள் என்பது வழக்கம். அதற்குள் குடிபுகுந்தாக வேண்டும். வேறு யாருக்கோ வெட்டியது போலத் தெரிகிற சின்னக் கல்லறை ஒன்றை அவசரமாக ஒழித்துக் கொடுத்தார்கள்.

படுக்கையறை 6.4 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். சென்னை ஃபிளாட்வாசிகள் பெருமூச்சு விடும் அளவுதான். ஆனால் உள்ளே போக வேண்டிய தங்க முலாம் பூசிய மரக்கூடு 5 மீட்டர் நீளம், 3.3 மீட்டர் அகலம். அதற்குள் இன்னொரு கூடு, அப்படியே மொத்தம் நான்கு. அதற்குள் கல்தொட்டி. அதற்குள் மூன்று சவப்பெட்டிகள், கடைசிப் பெட்டி மட்டும் 110 கிலோ தங்கம். அகலவாக்கில் இரண்டு பக்கமும் சேர்த்து மிஞ்சிய இடம் முக்கால் மீட்டர்கூட இல்லை.

அளவுகோல் இல்லாத தேசம் என்றால் மன்னித்துவிடலாம். மன்னரின் கருவூல அதிகாரி மாயாவின் முழக்கோல் இன்றும் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 52 சென்டிமீட்டர் சொச்சம். ஏழு உள்ளங்கை, 28 விரல் என்று அழகாகக் கோடு போட்டது. அவ்வளவு அழகாக இருப்பதற்குக் காரணம், அதை வைத்து யாரும் எதையும் அளக்கவில்லை என்பதாகத்தான் இருக்க வேண்டும்.

முதலில் ரதங்களைப் பார்ப்போம். நடைபாதையில் நுழையவில்லை. கொஞ்சமும் யோசிக்காமல் அச்சை ரம்பத்தால் அறுத்துவிட்டார்கள். சொர்க்கத்தில் மன்னர் எதை ஓட்டுவார் என்பது தச்சர்களின் இலாகா இல்லை.

அடுத்து கல்தொட்டி. தொட்டி ஒரு கல், மூடி வேறு கல். தொட்டியின் மஞ்சளுக்கு ஒத்துப்போக மூடிக்கு வர்ணம் பூசினார்கள். அந்த மூடியும் நடுவில் விரிந்துபோக, விரிசலில் பூச்சை அப்பி அதன்மேலும் வர்ணம் அடித்தார்கள். வாடகை வீட்டைக் காலி செய்கிறவர்களுக்கு இந்தக் கலை தெரியும்.

பெரிய கூத்து அதற்கு முன்பே நடந்திருந்தது. மூன்று சவப்பெட்டிகளில் வெளிப்பெட்டி, மன்னர் மல்லாந்து படுத்த உருவில் செய்தது. கால்விரல்கள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. அங்கே நடந்த பேச்சை நான் இப்படித்தான் கேட்கிறேன்:

“மேஸ்திரி, மூடி உட்கார மாட்டேங்குது.”

“எங்க இடிக்குது?”

“ராஜா கால்ல.”

“எவ்வளவு?”

“கட்டைவிரல் அளவு.”

“அப்ப அதை எடுத்துடு. செருப்பா போடப்போறாரு?”

எடுத்துவிட்டார்கள். செதுக்கிய மரச்சிராய்களைப் பெருக்கி எடுக்கக்கூட யாருக்கும் பொறுமை இல்லை. அவை தொட்டியின் அடியிலேயே கிடந்தன.

மரக்கூடுகளை மாட்டியதும் இதே லட்சணம்தான். ஒவ்வொரு பலகையிலும் எது எந்தத் திசைக்கு என்று பட்டறையிலேயே குறித்து அனுப்பியிருந்தார்கள். இங்கே மாட்டியவர்கள் அதைப் பார்க்கவில்லை. செத்தவர் போகும் திசை மேற்கு. கதவும் மேற்கே பார்க்க வேண்டும். கிழக்கே பார்க்க மாட்டிவிட்டு, பொருந்தாத மூலைகளைச் சுத்தியலால் சமாதானப்படுத்தினார்கள். தங்கத் தகட்டில் அடித்தழும்பு அப்படியே இருக்கிறது. இன்று ஒரு வாஸ்து நிபுணர் கண்ணில் பட்டிருந்தால் மொத்தத்தையும் பிரித்து மாட்டச் சொல்லி இன்னொரு ராஜாவுக்கான பில் கொடுத்திருப்பார்.

அத்தனை சாமானிலும் அளவறிந்து செய்தவர் ஒருவர் உண்டு: மூன்றாக மடித்து வைக்கும் பயணக் கட்டிலைச் செய்த தச்சர். ஒரு மூலையில் சமத்தாக இருந்தது.

துணிமணிக்கு அலமாரி இல்லை, பெட்டிகள்தான். பழங்காலத்திலேயே திருடர்கள் இருமுறை புகுந்து கலைத்துவிட்டுப் போக, பின்னால் வந்த அதிகாரிகள் கையில் அகப்பட்டதை அகப்பட்ட பெட்டியில் திணித்து மூடினார்கள். மன்னரின் கோவணங்கள் மட்டும் நூற்றுக்கு மேல்.

1922 நவம்பரில் தொல்லியலாளர் ஹோவர்டு கார்ட்டர் இந்தக் கல்லறையைக் கண்டுபிடித்தார். அடுத்த குளிர்காலத்தில் மரக்கூடுகளைக் கழற்ற இறங்கியபோது, அந்தக் குறுகிய சந்தில் அவரும் ஆட்களும் தலையை இடித்துக்கொண்டார்கள், விரலை நசுக்கிக்கொண்டார்கள். அந்த நெருக்கத்தில்தான் பலகைகளில் இருந்த திசைக்குறிகளை அவர் கவனித்தார். மூவாயிரத்து இருநூறு வருஷத்தில் அந்த மாட்டும் விதியை ஒழுங்காகப் படித்த முதல் ஆள் அவர். அவருக்கோ கழற்றுகிற வேலை.