வேனில் பயணம்

கேள்வி: வீட்டையே வண்டியாக்கிக்கொண்டு பாழூர்களையும் பாலைவனங்களையும் சுற்றும் அமெரிக்க வழக்கம் நம் பக்கம் எப்போது வரும்? (வாசகர், நாசரேத்)

பதில்: வந்து வெகுகாலம் ஆகிறது. அங்கே அதன் பெயர் ஆர்.வி.; இங்கே நவதிருப்பதி வேன். அதில் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் உண்டு. இதில் கடைசி சீட்டுக்கு அடியில் கேஸ் அடுப்பு, அதன்மேல் புளியோதரைத் தூக்குவாளி, அதற்குக் காவலாக ஒரு பாட்டி. கழிப்பறைக்குப் பெட்ரோல் பங்க், படுக்கைக்குக் கோயில் மண்டபம், டிரைவருக்கு மட்டும் வண்டியின் கூரை. திருச்செந்தூரில் கடலாடிவிட்டு ஏறியவர்கள் ஈர வேட்டியின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் முடிந்து மறுமுனையை வெளியே பறக்கவிடுவார்கள். குரும்பூர் தாண்டும்போது படபடவென்று அடிக்கும். ஆழ்வார்திருநகரி வரும்போது மடித்து வைக்கலாம். இவ்வளவு மலிவான உலர்த்தி எந்த ஆர்.வி.யிலும் இல்லை.

கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. தமிழில் கேரவன் என்றால் நடிகர் வெயிலுக்கு ஒளிந்துகொள்ளும் வண்டி. ஆகவே இந்தப் பகுதியில் கடைசிவரை வேன்தான்.

கேள்வி: நவதிருப்பதி வேன் ஆதிச்சநல்லூரில் நிற்குமா?

பதில்: சொன்னால் நிற்கும். யாரும் சொல்வதில்லை.

கேள்வி: நிறுத்தினால் பார்க்க என்னதான் இருக்கிறது? வெறும் மேடு என்கிறார்களே? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: மேடுதான். ஊரார் அதைப் பரம்பு என்கிறார்கள். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் 24 கிலோமீட்டர், தாமிரபரணியின் தென்கரை, சுமார் 114 ஏக்கர். அந்தக் காலத்தவர்கள் நெல் விளையாத சரளை நிலத்தைச் செத்தவர்களுக்கு ஒதுக்கிவிட்டு, நல்ல வண்டலை உழவுக்கு வைத்துக்கொண்டார்கள். வயலை அழித்து மனை போடுகிறவர்கள் இறங்கிப் பார்க்க வேண்டிய முதல் செய்தி அதுதான்.

பாறையும் சரளையுமான தரையில் குழி வெட்டி, இறந்தவர்களை வைத்த தாழிகளை இறக்கியிருக்கிறார்கள். இந்தியத் தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை இங்கே தோண்டினார். தங்க நெற்றிப்பட்டங்கள், இரும்பு வாள்கள், வேல்கள் எல்லாம் கிடைத்தன. வெண்கலக் கிண்ண மூடிகளின் உச்சியில் எருமையும் பறவையும் நின்றன. இவற்றின் பட்டியல் 1915-இல் நூலாக வந்தது. பொருள்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. பிறகு பரம்பு ஒரு நூற்றாண்டு தூங்கியது. 2004-இல் அதே துறையின் சத்தியமூர்த்தி தலைமையில் மறுபடி தோண்டியபோது நூற்றைம்பதுக்கு மேற்பட்ட தாழிகள் அடுக்கடுக்காக வெளிவந்தன. 2020 மத்திய பட்ஜெட்டில், அந்தந்த இடத்திலேயே அருங்காட்சியகம் அமைக்க வேண்டிய தொல்லியல் தளங்களின் பட்டியலில், ராக்கிகடி, அஸ்தினாபுரம், சிவசாகர், தோலாவிரா ஆகியவற்றோடு ஆதிச்சநல்லூரும் சேர்ந்தது. 2023 முதல் குழியின்மேல் கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். மேலே நின்று குனிந்தால், காலுக்குக் கீழே தாழி வாய் பிளந்து கிடக்கும். பாட்டிகள் கண்ணாடியின்மேல் கால் வைக்க மறுப்பார்கள். பேரன் குதித்துக் காட்டுவான். குதிக்காமலிருப்பது நல்லது.

கேள்வி: முதுமக்கள் தாழியில் உயிரோடு வைத்தார்கள் என்று என் ஆச்சி சொன்னது நிஜமா? (வாசகர், ஏரல்)

பதில்: இந்தப் பக்கத்து ஆச்சிகள் எல்லோரும் சொன்ன கதை அது. முன்காலத்தில் கிழடுகளுக்குச் சாவே வராதாம். வயதாக ஆகச் சுருங்கிச் சுருங்கிப் பூனைக்குட்டி அளவுக்கு ஆகிவிடுவார்களாம். விளக்கு மாடத்தில் வைத்தாலும் உருண்டு விழுவார்களாம். பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், சோறும் தண்ணீரும் வைத்துத் தாழியில் இறக்கிவிட்டார்களாம். கதை கட்டியவர் தாழியைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்: அதன் வாய் குறுகல், உள்ளே சின்னச் சின்னக் கலயங்கள், குறுகி மடங்கிய எலும்புகள். பார்த்ததற்கெல்லாம் காரணம் சொல்லியாயிற்று, ஒன்றுகூடச் சரியில்லை. ஆராய்ச்சியிலும் இப்படி நடப்பதுண்டு. உண்மை எளிது: இறந்தவரை, அல்லது இறந்து தசை போனபின் எலும்பை மட்டும், தாழியில் வைத்துப் புதைத்தார்கள். பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத பகுதி மட்டும் இன்றைக்கும் பொருந்துகிறது.

கேள்வி: கொலராடோவில் இருக்கும் மகன் ஆர்.வி. எடுத்து மேசா வெர்டே கூட்டிப்போனான். அதற்கும் ஆதிச்சநல்லூருக்கும் ஏதாவது உறவு உண்டா? (வாசகர், திருச்செந்தூர்)

பதில்: கட்டடத்தில் இல்லை, களவில் உண்டு.

மேசா வெர்டேயில் மலைக்குடைவுக்குள் வீடு கட்டி வாழ்ந்தவர்கள் பழைய பியூப்லோ மக்கள். அவர்களின் கிளிஃப் பேலஸில் சுமார் 150 அறைகள். நியூ மெக்சிகோவின் சாக்கோ பள்ளத்தாக்கில் பியூப்லோ பொனிட்டோ என்ற ஒரே கட்டடத்தில் அறுநூறுக்கு மேல். அங்கே போகும் மண்சாலை ஆர்.வி.யின் ஆணியைக் கழற்றிவிடும். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நீண்ட வறட்சி. 1300-க்குள் மேசா வெர்டே காலி. மக்கள் அழியவில்லை, தெற்கே நகர்ந்தார்கள். ஹோப்பி, சூனி முதலானோர் அவர்கள் வழிவந்தவர்கள்.

இனி களவு. 1891-இல் குஸ்தாவ் நோர்டன்ஷியோல்ட் என்ற ஸ்வீடன் இளைஞர் அங்கே தோண்டி எடுத்ததை ரயிலேற்றினார். துராங்கோவில் அவரைப் பிடித்தார்கள். தடுக்கச் சட்டமில்லாததால் விட்டுவிட்டார்கள். பொருள்கள் கடைசியில் ஹெல்சிங்கி போய்ச் சேர்ந்தன. அமெரிக்காவில் தொல்பொருள் சட்டம் வந்தது 1906-இல். களவு போவதில் ஆதிச்சநல்லூர் மேசா வெர்டேயைப் பதினைந்து வருஷம் முந்திக்கொண்டது. பெர்லினைச் சேர்ந்த ஃபெடோர் ஜாகோர் 1876-இல் பரம்பைத் தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். இந்தியப் புதையல் சட்டம் வந்தது 1878-இல். இரண்டு ஊரிலும் பூட்டு வாங்கியது திருடு போனபிறகுதான். ஹெல்சிங்கி 2020-இல் சுமார் இருபது பேரின் எலும்புகளையும் அவர்களோடு புதைத்த பொருள்களையும் பழங்குடிகளிடம் திருப்பிக் கொடுத்தது. அவை மறுபடி மண்ணுக்குள் போயின. மகன் அடுத்து ஐரோப்பா போனால் பெர்லின் பக்கம் ஒரு பெருமூச்சு விட்டுவரச் சொல்லலாம்.

கேள்வி: பரம்பின்மேல் டிரோன் பறக்கவிடலாமா?

பதில்: தொல்லியல் துறை அனுமதி வேண்டும். பருந்துக்கு வேண்டாம்.

கேள்வி: கோயிலுக்குப் போகிற வழியில் ஈமக்காட்டில் இறங்கினால் தீட்டு என்கிறார் மாமியார். பிள்ளைகளையும் இறக்கக் கூடாதாம். என்ன செய்வது? (வாசகி, ஸ்ரீவைகுண்டம்)

பதில்: தீட்டு வீட்டுக்கு வீடு மாறும், அதில் தீர்ப்புச் சொல்ல இந்தப் பகுதிக்கு அதிகாரமில்லை. கோயிலை முதலில் முடித்துவிட்டுத் திரும்பும்போது இறங்கினால் சண்டை வராது.

பிள்ளைகளை இறக்கலாம். அங்கே பயமுறுத்த எதுவும் இல்லை. ஆற்றுக்கு வடக்கே, பெருங்குளம் பக்கத்தில் இதேபோன்ற இன்னொரு ஈமக்காடான சிவகளையில் ஒரு தாழிக்குள் நெல் உமி கிடைத்தது. அதன் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவித்தார்கள். போகிறவருக்குப் பசிக்கும் என்று யாரோ ஒருவர் கையால் அள்ளி வைத்த நெல் அது. மூவாயிரம் வருஷம் கழித்து அதே ஆற்றின் கரையில், இறந்தவர் வாயில் இன்றும் அரிசி போடுகிறார்கள். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல மாமியாரைவிடப் பொருத்தமானவர் இல்லை. அவர் அதைச் செய்தவர், செய்யப் பார்த்தவர். அவரையும் கூட்டிப்போவதே முறை.

கேள்வி: சிவகளை இரும்புக்கு 5,300 வயது என்பது மெய்யா?

பதில்: 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை அப்படிச் சொல்கிறது. இரும்போடு கிடந்த கரியையும் பானை ஓட்டையும் வெவ்வேறு ஆய்வகங்கள் பார்த்தன. கரித்துண்டு ஒன்று கி.மு. 3345 வரை போகிறது. இரும்புக்கு நேராக வயது பார்ப்பது கடினம், பக்கத்தில் கிடப்பதை வைத்துத்தான் சொல்ல வேண்டும். அதனால் இன்னும் பல குழிகளில் இதே கணக்கு வரட்டும் என்கிறார்கள் சில ஆய்வாளர்கள். மேடையில் பேசுகிறவர்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. இரும்புக்கு உண்டு.

கேள்வி: கொற்கைத் துறைமுகம் பார்க்கப் போனோம். கடலைக் காணோம். (ஏமாந்த குடும்பம், தூத்துக்குடி)

பதில்: கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. தாமிரபரணி வண்டலைக் கொட்டிக் கொட்டி அதைத் துரத்திவிட்டது. பாண்டியரின் முத்துத் துறையைக் கிரேக்கர் கோல்கோய் என்று எழுதினார்கள். 1968–69 அகழாய்வில் கிடைத்த கரி கி.மு. 785 என்று காலம் காட்டியது. கடல் விலகியதும் வியாபாரம் காயலுக்கு நகர்ந்தது. மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பார்த்த காயில் துறைமுகம் இன்றைய பழையகாயல்தான் என்று காட்டியவர் கால்டுவெல். அங்கேயும் மண் மேவியது. போர்த்துகீசியர் காலத்தில் புன்னைக்காயல், பிறகு தூத்துக்குடி. துறைமுகமே மூட்டை முடிச்சோடு ஊர் ஊராகப் போன கதை இது. வேன்காரர்கள் இதைப் படித்துப் பெருமைப்படலாம். அரசு கடைசியாக முத்துக் குளிக்கவிட்டது 1961-இல். இப்போது கொற்கையில் வாழைத்தோட்டம், ஒரு பழைய வன்னிமரம், வெற்றிவேல் அம்மன் கோயில். கடல் பார்க்கப் போகாமல், கடல் போன தடம் பார்க்கப் போனால் ஏமாற்றமில்லை.

கேள்வி: தேரிக்காடு பாலைவனமா, இல்லையா? ஒரே வார்த்தையில்.

பதில்: இல்லை.

கேள்வி: போன கேள்விக்கு விரிவாக.

பதில்: பாலைவனம் என்றால் வருஷத்துக்கு 25 சென்டிமீட்டர் மழைக்குள் அடங்க வேண்டும். தூத்துக்குடி மாவட்டச் சராசரி சுமார் 65. போதாததற்கு 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்துக்கு நடுவே நின்றுபோக, பயணிகளுக்குப் பக்கத்து ஊர் மக்கள் சோறு பொங்கிப் போட்டார்கள்.

ஆனால் தேரியில் நின்று பார்த்தால் இந்தக் கணக்கு எதுவும் நினைவுக்கு வராது. காயாமொழி, குதிரைமொழி பக்கம் கண்ணுக்கு எட்டியவரை குங்குமத்தைக் கொட்டியது போன்ற மணல். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்தால் ரேகைகளில் சிவப்பு தங்கும். மணி மணியான வெண்கல் துகள்மேல் இரும்புத் துரு பூசியிருப்பதே அந்தச் சிவப்பு. மேற்கேயிருந்து வரும் ஆடிக்காற்று அதை ஓயாமல் உருட்டுகிறது. மழை விழுந்த மாத்திரத்தில் மணல் குடித்துவிடும். மேலே வறட்சி, அடியில் ஈரம். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் மணல்காட்டுக்கு நடுவே சுனை இருப்பது அதனால்தான். இந்தத் தேரிகளில் கிடைத்த குறுங்கற்கருவிகளைப் பற்றி ஆய்வாளர்கள் சாய்னர், ஆல்ச்சின் இருவரும் 1956-இல் எழுதினார்கள். தாழிக்காரர்களுக்கும் முந்தியவர்கள் இங்கே வேட்டையாடியிருக்கிறார்கள்.

பழைய இலக்கணம் பாலைக்கு வைத்த சிறுபொழுது நண்பகல். பெரும்பொழுது வேனில், கூடவே பின்பனி. நண்பகலில் தேரியில் செருப்பில்லாமல் இறங்கியவர்கள் இலக்கணத்தின் அருமையை உடனே உணர்வார்கள். மற்றவர்கள் வேனில் இருந்தபடியே உணரலாம்.

கேள்வி: அப்படியானால் எப்போது போவது?

பதில்: கோடையில், விடியற்காலை. பதநீர் இறங்கும் பருவமும் அது, வேளையும் அது. வெயில் ஏறினால் பதநீர் புளிக்கும், மணல் சுடும், டிரைவர் முணுமுணுப்பார்.

கேள்வி: தேரியில் கூடாரம் போட்டு ராத் தங்கலாமா?

பதில்: பெரும்பகுதி வனத்துறையின் காப்புக்காடு. அனுமதியில்லாமல் முடியாது. மண்டபம் இருக்கிறது, கொசுவும் இருக்கிறது.

கேள்வி: திரும்பும்போது நினைவாக என்ன கொண்டுவரலாம்? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: பரம்பிலிருந்து ஒரு ஓட்டுச்சில்லும் எடுக்கக் கூடாது, குற்றம். ஜாகோருக்குச் சட்டமில்லை, வாசகருக்கு உண்டு. தேரி மண்ணுக்கு வேறு மரபு: தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலில் கள்ளர் வெட்டுத் திருவிழா முடிந்ததும் கூட்டம் முண்டியடித்துச் செம்மண் அள்ளி முடிந்துகொண்டு போகும்; வீட்டுக்கும் வயலுக்கும் நல்லது என்று நம்பிக்கை. கேட்காமலே வருவதும் உண்டு. வேனின் மிதியடியில் ஏறிய சிவப்பு மூன்று முறை கழுவினாலும் விடாது.

உடன்குடியில் நிறுத்திக் கருப்பட்டி வாங்கலாம். பளபளவென்று சிரிப்பது சீனி கலந்தது. கறுத்து, முரடாக, ஓலைத்துணுக்கு ஒட்டியிருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும்.