ஒரு புள்ளி உயிர்

ஜீவராசிகளுள் அற்பாயுள் உடையது ஈசலே என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருப்பது, ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டத்தில் முதற்படி மந்திரவாதி ஒருவனின் ஜாதகத்தை ஒருமுறையேனும் கணித்துப் பாராத குறையினாலேதான். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இரு அமெரிக்கர்கள் இயற்றி 1974-இல் வெளிவந்த இவ்வாட்டத்தில், மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் வீரனாகவோ திருடனாகவோ மந்திரவாதியாகவோ வேடம் பூண, டன்ஜன் மாஸ்டர் என்பவர் படைத்தல், காத்தல், அழித்தல் என்னும் முத்தொழில்களுள் நடுவிலுள்ளதை மட்டும் விட்டுவிட்டு மற்ற இரண்டையும் செவ்வனே நடத்துவார்.

நாங்கள் கைக்கொண்ட 1981-ஆம் ஆண்டு அடிப்படை விதிநூலின்படி, மந்திரவாதியின் உயிரை நிர்ணயிப்பது நான்குமுகப் பகடையின் ஒரே உருட்டல். எனக்கு விழுந்தது ஒன்று. கவசம் கூடாது, குத்துவாளன்றி வேறு ஆயுதம் கூடாது, நாளுக்கு ஒரே மந்திரம். இந்த ஐசுவரியங்களோடு புதையல் தேடிப் பாதாளத்துக்குப் புறப்பட்ட என் மந்திரவாதி, முன்னால் நடப்பதே கௌரவம் என்று கருதிப் பத்தடிக் குழியொன்றில் விழுந்து, தோழர்கள் அவன் பெயரை மனப்பாடம் செய்யுமுன்பே பரலோகப் பிராப்தி அடைந்தான்.

அவன் சமாதியருகே எனக்கு உதித்த ஞானத்தைப் பின்வருவோர்க்கு உரைக்கிறேன். முதலாவது, ஒரு பொற்காசுக்குக் கிடைக்கும் பத்தடிக் கழியை வாங்குக. புது மருமகள் புக்ககத்தில் ஒவ்வொரு சொல்லையும் யோசித்து எடுத்து வைப்பதுபோல, தரையையும் சுவரையும் அதனால் தட்டிப் பார்த்தே அடியெடுத்து வைக்க.

இரண்டாவது, வீரம் என்னும் வியாதி அணுகாமல் காத்துக்கொள்க. கோபோல்ட் என்னும் நாய்முகக் குள்ளன் ஒருவனைக் கொன்றால் கிடைப்பது ஐந்தே அனுபவப் புள்ளி, அதுவும் கூட்டாளிகளோடு பங்கு. மந்திரவாதி இரண்டாம் படி ஏறவோ 2500 புள்ளி வேண்டும். ஆனால் பாதாளத்திலிருந்து பத்திரமாக மீட்டுவந்த பொற்காசு ஒன்றுக்கு ஒரு புள்ளி என்று விதிநூலே விதித்திருக்கும்போது, காவலர் உறங்குகையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நழுவுகிறவனைக் கோழை என்பது சாஸ்திரம் அறியாதவர் பேச்சு.

மூன்றாவது, கைவசமுள்ள ஒரே மந்திரம் உறக்க மந்திரமாக இருக்கட்டும். கோபோல்ட் கூட்டத்தையே குறட்டைவிட வைக்கும் அந்தப் பிரம்மாஸ்திரத்தை, முதலில் எதிர்ப்பட்ட எலியின்மீது ஏவிவிட்டு எஞ்சிய நாளெல்லாம் வெறுங்கையோடு விழிக்காதீர். நான்காவது, கூட்டத்தைவிட்டுப் பிரியாதீர். பெட்டியைத் திறக்கும் பாக்கியத்தை மட்டும் திருடனுக்கே மனமுவந்து தானம் செய்வீர்.

அனுபவம் எனக்குத்தானே தவிரப் பகடைக்கு இல்லையாதலால், என் இரண்டாம் மந்திரவாதிக்கும் ஒன்றே விழுந்தது. ஆயினும் அவன் கழியைத் தட்டித் தட்டி, வரிசையின் நடுவிலே ஒண்டிக்கொண்டு, ஏழு மாதம் உயிரோடிருந்து 2500 புள்ளியும் சேர்த்துவிட்டான். இரண்டாம் படிக்குரிய கூடுதல் உயிருக்காக, மேசையைச் சுற்றியிருந்த அனைவரும் மூச்சடக்கிப் பார்த்திருக்க, பகடையை உருட்டினேன். ஒன்று.

“இனியாவது முன்னால் வருவானா உங்கள் மந்திரவாதி?” என்று பரிகாசமாகக் கேட்டார் டன்ஜன் மாஸ்டர். அவனை வரிசையில் இன்னும் ஓரிடம் பின்னுக்குத் தள்ளி நிறுத்தினேன். இழப்பதற்கு இப்பொழுது இரண்டு இருக்கின்றன அல்லவா?