தொழிற்சபையில் ‘ஆக்டிவ்’ ஆக இருத்தல்: ஓர் ஆய்வு

தொழில் வலைப்பின்னல் சபை என்பது, ஒருவரிடம் மற்றவர் எதையும் வாங்கியே தீரவேண்டிய கட்டாயம் இல்லாத நாற்பது ஐம்பது பேர், வாரத்தில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு ஓட்டல் ஹாலில் கோட்டுப் போட்டுக்கொண்டு கூடி, ஒருவருக்கொருவர் வேலை பிடித்துக் கொடுக்கும் அமைப்பாகும். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, மதுரை, சென்னை முதலிய ஊர்களில் இதனைச் ‘சாப்டர்’ என்பர். சந்தா கட்டியவர் எல்லாரும் இதில் உறுப்பினர். உறுப்பினர் எல்லாரும் ‘ஆக்டிவ்’ அல்லர். அந்த ஆக்டிவ் நிலை யாது, அது எவ்வாறு எய்தப்படுகிறது, எய்தியபின் எவ்வாறு கைநழுவுகிறது என்பவையே இங்கு ஆராயப்படுகின்றன.

சபையின் தொன்மை குறித்து ஐயம் வேண்டியதில்லை. இடைக்காலத்தில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழு கடல்கடந்து கிளை விட்டிருந்தது. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸை அடுத்த லோபு துவாவில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இக்குழுவினருடையது. கப்பலில் வருவோர் கஸ்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன் செலுத்த வேண்டும் என்று அது பேசுகிறது. சந்தா கேட்டுக் கல்லில் அடித்த நோட்டீஸ் என்று இதைக் கொள்வதில் தவறில்லை. அக்காலத்து உறுப்பினர்கள் காலையில் எத்தனை மணிக்குக் கூடினர் என்பது பற்றிக் கல்வெட்டு மௌனம் சாதிக்கிறது.

மேலைநாட்டுக் கிளையில் முதலில் நிற்பவர் பெஞ்சமின் பிராங்க்ளின். 1727இல் பிலடெல்பியாவில் அவர் தொடங்கிய ஜுண்டோ என்னும் கழகம் வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடியது. கூட்டத்தின் நோக்கம் அறிவு வளர்ச்சி என்று சொல்லப்பட்டாலும், கழகத்தில் இருந்த ஜோசப் பிரைண்ட்னல், குவேக்கர் சமயத்தாரின் வரலாற்று நூலில் நாற்பது ஷீட் அச்சு வேலையைப் பிராங்க்ளினுக்கு வாங்கிக் கொடுத்தார். இது ஆவணப்படுத்தப்பட்ட சுத்தமான ரெஃபரல். பிராங்க்ளின் இன்னொரு வகையிலும் இத்துறைக்கு மூலவர். உழைப்பாளியாக இருப்பது போதாது, உழைப்பாளி என்று ஊருக்குத் தெரியவும் வேண்டும் என்று கருதி, அச்சுக்கு வாங்கிய காகிதத்தைச் சில சமயம் தாமே கைவண்டியில் வைத்துத் தெருவழியே தள்ளிக்கொண்டு போனதாக அவரே எழுதியிருக்கிறார். ஆக்டிவ் நிலையின் இலக்கணம் முழுவதும் அந்தக் கைவண்டியில் அடங்கும்.

1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையல் தொழில் முதலாளி ஆகிய நால்வர் கூடியதில் ரோட்டரி பிறந்தது. ஒரு தொழிலுக்கு ஒருவர் என்னும் விதி அங்கு நிலைபெற்றது. தொடக்க ஆண்டுகளில் அச்சங்கத்தில் புள்ளிவிவரக்காரர் என்றொரு பதவி இருந்தது. யார் யாருக்கு எவ்வளவு வியாபாரம் கொடுத்தார் என்று குறித்துவைப்பது அவர் வேலை. பின்னர் சங்கம் சமூகத் தொண்டின் பக்கம் திரும்பியது. அதன் முதல் பொதுப்பணி சிகாகோவில் பொதுக் கழிப்பறை அமைத்தது. கைவிடப்பட்ட அந்தக் கணக்குநோட்டை மீண்டும் கையில் எடுத்தது, 1985இல் இவான் மிஸ்னர் கலிபோர்னியாவில் தொடங்கிய பி.என்.ஐ. ‘கொடுப்பவரே பெறுவர்’ என்பது அதன் கொள்கை. தமிழ்நாட்டுச் சாப்டர்களில் பல இதன் கிளைகள். மற்றவற்றிலும் நடைமுறை ஏறத்தாழ அதுவே.

ஒரு தொழிலுக்கு ஒருவர் என்னும் விதியின் சிறப்பு தனியே நோக்கத்தக்கது. ஒரே தொழில் செய்வோர் விருந்துக்குக் கூடினாலும் பேச்சு கடைசியில் விலையேற்றும் சதியில்தான் முடியும் என்று 1776இல் ஆடம் ஸ்மித் சந்தேகப்பட்டார். சாப்டரில் வெட் கிரைண்டர் தயாரிப்பவர் ஒருவர், ஆடிட்டர் ஒருவர், சிசிடிவி போடுபவர் ஒருவர், இன்சூரன்ஸ்காரர் ஒருவர். சதி செய்ய வேண்டுமென்றாலும் துணைக்கு ஆளில்லை.

ஆக்டிவ் நிலையின் முதற்கூறு வருகை. அது ஐவகைப்படும்: வந்தார், வரவில்லை, தாமதம், மருத்துவ விடுப்பு, பதிலாள். ஆறு மாதத்தில் மூன்று முறைக்கு மேல் வராதவர் இருக்கையை இழக்கலாம் என்பது விதி. இவ்வைந்தனுள் தாமதத்துக்கே காரணங்கள் மிகுதி. கோவையில் நெடுங்காலம் ஆட்சி செலுத்திய காரணம் அவினாசி சாலை டிராஃபிக். 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டதோடு இக்காரணம் வலுவிழந்தது. தற்போது மேம்பாலத்தில் ஏறும் இடத்தில் டிராஃபிக் என்று திருத்திச் சொல்லப்படுகிறது.

பதிலாள் என்னும் வகை ஆய்வாளர் கவனத்துக்கு உரியது. மாடுலர் கிச்சன் செய்யும் உறுப்பினர் குலதெய்வம் கோயில் கிடாவெட்டுக்குப் போய்விட்டார் எனக் கொள்க. இருக்கை காலியாகக் கிடந்தால் ஆப்சென்ட் விழும். ஆகவே தம் அலுவலகக் கணக்குப் பிள்ளையை அனுப்புகிறார். அவருக்கு வயது இருபத்துநான்கு. முதலாளியின் கோட்டு தோளில் இரண்டங்குலம் தொங்குகிறது. அவர் எழுந்து, மடித்த தாளைப் பிரித்து, ‘நான் கடந்த பதினெட்டு ஆண்டுகளாக இத்துறையில் இருக்கிறேன்’ என்று படிக்கிறார். யாரும் சிரிப்பதில்லை. வழக்கமான கைதட்டல் வழக்கமான அளவில் கிடைக்கிறது. பிறகு அவர் பொங்கல், வடை, கேசரி சாப்பிட்டுவிட்டு, கையில் திணிக்கப்பட்ட முப்பது விசிட்டிங் கார்டுகளுடன் ஆபீஸ் போகிறார். ஏட்டின்படி அன்று மாடுலர் கிச்சன் ஆக்டிவ்.

இரண்டாம் கூறு பேச்சு. ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம். கூட்டம் பெருத்த சாப்டரில் அதுவும் குறையும். மணி அடித்தால் அமர வேண்டும். மணி அடித்தபின் பேசும் ‘கடைசியாக ஒரே ஒரு வார்த்தை’ சராசரிப் பேச்சில் கால்பங்கு இருக்கலாம் என்பது கூட்டத்தில் அமர்ந்த எவரும் ஏற்கக்கூடிய மதிப்பீடு. பேச்சு பஞ்ச் வசனத்தில் முடிய வேண்டும் என்பது எழுதாத சட்டம். இன்சூரன்ஸ்காரர் ‘நீங்கள் இருக்கும்வரை நான் வருவேன், நீங்கள் போனபின் செக் வரும்’ என்று வாரந்தோறும் முடிப்பார். வாரந்தோறும் அதே இடத்தில் சபை சிரிக்கும்.

பஞ்ச் வசனத்தால் வேலை வருவதில்லை. வேலை வருவது கேள்வியால். ‘யாருக்காவது பெயிண்டிங் வேலை தேவைப்பட்டால் சொல்லுங்கள்’ என்று கேட்பவருக்கு யார் முகமும் நினைவுக்கு வராது. ‘பீளமேட்டில் இருபத்துநாலு வீட்டு அபார்ட்மென்ட் ஒன்றின் சங்கச் செயலாளரை யாருக்காவது தெரியுமா?’ என்று கேட்டால் மூன்றாம் வரிசையில் ஒரு கை உயரும். செயலாளர் அவருடைய சகலையாக இருப்பார். இந்த வேறுபாடு எல்லா உறுப்பினருக்கும் பயிற்சி வகுப்பில் சொல்லித் தரப்படுகிறது. மறுவாரம் எல்லாரும் ‘யாருக்காவது’ என்றே தொடங்குகின்றனர்.

மூன்றாம் கூறாகிய ரெஃபரலே சபையின் நாணயம். சீட்டில் எழுதிக் கொடுக்கப்படும் அது மூவகை. வெளியாள் ஒருவரின் தேவையை உறுப்பினரிடம் சேர்ப்பது முதல் வகை. தாமே வாங்கிக்கொண்டு அதையும் சீட்டில் எழுதுவது இரண்டாம் வகை; கூட்டத்துக்கு முதல்நாள் இரவு அவசரமாகக் காருக்கு வாட்டர் வாஷ் செய்யத் தோன்றுவது இதன் அறிகுறி. மூன்றாவது, ‘நம்பர் கொடுத்திருக்கேன், பேசிக்குங்க’ என்னும் வகை. இதனை அறிய எளிய சோதனை உண்டு. அந்த நம்பருக்குப் போன் செய்தால் எதிர்முனை ‘ஆமாங்க, சொல்லியிருந்தாரு’ என்றால் உயிருள்ள சீட்டு. ‘யாருங்க?’ என்றால் செத்த சீட்டு. ஏட்டில் இரண்டும் ஒன்றாகவே எண்ணப்படும்.

இப்பொருளாதாரத்துக்கு மிக நெருங்கிய உறவு சிகாகோவில் இல்லை, பேராவூரணியில் இருக்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரத்தில் ஆடி மாதம் மொய் விருந்து நடக்கும். கறிச்சோறு போட்டு, வந்தவர் செய்த மொய்யை நோட்டில் ஏற்றி, பின்னர் அவரவர் விருந்தில் கூடுதல் வைத்துத் திருப்பிச் செய்வர். சாப்டரிலும் சாப்பாடு உண்டு, நோட்டு உண்டு, திருப்பிச் செய்யாதவரைப் பற்றிய பேச்சும் உண்டு. வேறுபாடு ஒன்றே. மொய்யில் பணத்துக்குப் பணம் திரும்பும். சாப்டரில் இன்டீரியர்காரருக்கு அச்சகக்காரர் பிடித்துக் கொடுத்தது ஒரு முழு வீட்டு வேலை. பதிலுக்கு அவர் கொடுத்தது ஆயிரம் விசிட்டிங் கார்டு ஆர்டர். நோட்டில் ஆளுக்கு ஒரு சீட்டு; கணக்கு நேர். மொய் எழுதும் பேராவூரணிக் கணக்கர் இதை ஒருகாலும் ஒப்பமாட்டார்.

இக்குறையைப் போக்கவே நன்றிச் சீட்டு ஏற்பட்டது. கிடைத்த வேலையின் ரூபாய் மதிப்பைச் சபையில் எழுந்து சொல்லி, கொடுத்தவருக்கு நன்றி கூறுவர். ஆண்டு முடிவில் இத்தொகைகள் கூட்டப்பட்டு, இத்தனை கோடி வியாபாரம் என்று திரையில் பெரிய எழுத்தில் வரும். கொட்டேஷன் கொடுத்த தொகையா, வசூலான தொகையா, ஜிஎஸ்டி சேர்த்தா என்ற கேள்விக்கு விடை சொல்லக்கூடிய ஒரே உறுப்பினர் ஆடிட்டர். அவர் அப்போது காபி வாங்க எழுந்து போயிருப்பார்.

யார் அதிகம் கொடுக்கிறார் என்பதைக் குணத்தை வைத்து விளக்குவது வழக்கம். ஆய்வுக்கு அது ஒத்துவரவில்லை. செய்தி யாருக்கு முதலில் தெரிகிறதோ அவரே கொடையாளி ஆகிறார். கல்யாணம் நிச்சயமானதும் தேதி முதலில் போய்ச் சேர்வது மண்டபத்துக்கு. பிறகே சமையல்காரர், பத்திரிகை அடிப்பவர், போட்டோகிராபர், மேக்கப் என்று வேலை இறங்கும். மண்டப மேனேஜரால் ஐந்து பேருக்கு வேலை கொடுக்க முடியும். கடைசியில் ஆல்பம் ஒட்டுபவர் எவ்வளவு நல்லவராயினும் அவரிடம் கொடுக்க ஏதும் மிஞ்சியிராது. வீடு கட்டுவதில் இதே இடம் ஹோம் லோன் ஏஜென்டுக்கும் என்ஜினியருக்கும். சாப்டரில் சேர நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, தமக்கு முன்னால் நிற்கும் அந்த ஆள் உறுப்பினர் பட்டியலில் இருக்கிறாரா என்பதே. பெரும்பாலோர் பார்ப்பது டிபனை.

நான்காம் கூறு, இரண்டு உறுப்பினர் தனியே ஒரு மணி நேரம் அமர்ந்து பேசும் ‘ஒன் டு ஒன்’. இதன் அறிவியல் அடிப்படை 1973இல் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் வெளியிட்ட கட்டுரையில் உள்ளது. அமெரிக்காவின் நியூட்டன் நகரில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்த 54 பேரிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்தித்து வந்தீர்கள் என்று அவர் கேட்டார். அடிக்கடி என்றோர் 16.7 விழுக்காடு, எப்போதாவது என்றோர் 55.6, அரிதாக என்றோர் 27.8. நெருங்கியவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். புதிய செய்தி தூரத்து ஆளிடமிருந்தே வரும் என்பது அவர் முடிபு.

இதனால் வாரக் கூட்டமே வீண் என்பார் உளர். அவர் கூற்று பொருந்தாது. கிரனோவெட்டரின் வரையறைப்படி ‘அடிக்கடி’ என்பது வாரத்துக்கு இருமுறையேனும் சந்திப்பது. அதற்குக் குறைந்து, ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேற்பட்டால் ‘எப்போதாவது’. ஆகவே வாரம் ஒருமுறை கூடும் சாப்டர் 55.6 விழுக்காட்டு வகுப்பிலேயே சரியாக வந்து விழுகிறது. அதைக் கெடுப்பது வாட்ஸ்அப் குழு. நாள் தவறாமல் ரோஜாப்பூவுடன் காலை வணக்கம் அனுப்புபவர், அதைச் சந்திப்பாகக் கணக்கிட்டால், தம்மை 16.7 வகுப்புக்குத் தாமே தாழ்த்திக்கொள்கிறார். ரோஜாப்பூவை நிறுத்துவது சபைக்கு ஆதாயம் என்பதே இவ்வாய்வின் முடிபு. இதை எந்தச் சாப்டரும் ஏற்காது. நிறுத்தினால் அந்த உறுப்பினருக்கு உடம்பு சரியில்லை என்று வதந்தி கிளம்பும்.

பதவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தலைவர், துணைத் தலைவர், செயலாளர் பொறுப்புகள் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு. பதவியில் இருப்பவர் ஆக்டிவாக இருந்தே தீரவேண்டும் என்பதால், வராமல் போகக்கூடும் என்று சந்தேகிக்கப்படுபவருக்குப் பதவி கொடுப்பது தேர்ந்த நிர்வாகிகளின் உத்தி. இது பெரும்பாலும் பலிக்கிறது.

ஆக்டிவ் நிலை ஒரே நாளில் மறைவதில்லை. முதலில் டை போகும். பிறகு பதிலாள் அடிக்கடி வருவார். அடுத்து, பேச்சு ‘போன வாரம் சொன்னதேதான்’ என்று சுருங்கும். யார் எவ்வளவு ஆக்டிவ் என்று நிறத்தால் காட்டும் மதிப்பெண் பட்டியலில் பச்சையாக இருந்த பெயர் மஞ்சளாகி, சிவப்பாகும். இந்தக் கட்டத்தில் உறுப்பினர் பெரும்பாலும் சபையைக் குறை சொல்லத் தொடங்குகிறார்: டிபன் முன்போல் இல்லை, யாரும் உண்மையான ரெஃபரல் கொடுப்பதில்லை. இரண்டாவது குற்றச்சாட்டில் உண்மை உண்டு. அவர் கொடுத்த கடைசி மூன்று சீட்டும் ‘யாருங்க?’ வகை.

ஏட்டில் இல்லாத சோதனை ஒன்றும் உண்டு. சொல்லாமல் ஒரு வாரம் வராமலிருந்தால், அன்று மத்தியானத்துக்குள் எத்தனை பேர் போன் செய்து ‘என்னங்க, காணோம்?’ என்று கேட்கிறார்கள் என்பதே அது. வருகைப் பதிவுக்காகச் செயலாளர் கேட்பதைக் கழித்துவிட வேண்டும். மிச்சம் இரண்டு பேர் இருந்தால் அவர் சிவப்பில் இருந்தாலும் ஆக்டிவ். ஒருவரும் இல்லையென்றால், பச்சையில் இருந்தாலும் ரினியூவல் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை யோசிப்பது நல்லது. கட்டிய சந்தாவைப் பொதுவாக எந்தச் சாப்டரும் திருப்பித் தருவதில்லை.