மாப்பிள்ளை எஞ்சின்

மட்டக்களப்பில் பொனட்டைத் திறந்துவைத்துக்கொண்டு வீதியோரம் நிற்கும் காருக்கு முதலில் கிடைப்பது தண்ணீர் அல்ல, தீர்ப்பு. அது மொறிஸ் மைனராக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். புதிய கார் நின்றால் சனம் விலகிப் போகும். உள்ளே கம்ப்யூட்டர் இருக்கிறது, நமக்கேன் வம்பு என்று. மைனர் நின்றால் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு வருவார்கள். ஒவ்வொருவருக்கும் மைனர் வைத்திருந்த பெரியப்பா ஒருவர் இருந்திருக்கிறார். ஆகவே எல்லா மைனரிலும் எல்லாருக்கும் உரித்து உண்டு.

எங்கள் மைனர் 1959ஆம் ஆண்டுக்காரி. ‘எங்கள்’ என்பதே ஒரு மரியாதைப் பேச்சு. இந்தப் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு மனைவி வீட்டுக்கு வந்து சேருவான். நானும் அப்படித்தான் ஆரையம்பதிக்கு வந்தேன். வீட்டோடு ஒரு கார்க்கொட்டிலும், கொட்டிலுக்குள் காரும், கார் பற்றிய மாமாவின் அபிப்பிராயங்களும் இருந்தன. கார் மனைவிக்குச் சொந்தம். ஓட்டுவதும் தள்ளுவதும் என் பங்கு.

பழைய 948 சீசீ எஞ்சின் எண்ணெயைக் குடித்துப் புகையாக விடத் தொடங்கியபோது நாட்டில் வாகன இறக்குமதி நின்றுபோயிருந்தது. 2020 மார்ச்சில் பூட்டிய கதவு தனியார் கார்களுக்குத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் அடிபட்டு நெளிந்த யப்பான் கார்களுக்குச் சொன்ன விலையைக் கேட்டால், அதைவிட வாவிக்கரையில் ஒரு வளவு வாங்கிப் போடலாம் என்று தோன்றும். ஆகவே பலரும் செய்ததை நாங்களும் செய்தோம். கொழும்பில் பஞ்சிகாவத்தைக்குப் போய் ஒரு நிசான் ஏ15 எஞ்சினைக் கொண்டுவந்தோம். 1488 சீசீ, முன்பு ஒரு வனெட் வானில் ஓடியது.

அதை வானிலிருந்து இறக்கியபோது மாமா ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நான் என் கலியாணத்தன்று கண்டிருக்கிறேன். வெளியிலிருந்து வந்து மகள் வீட்டில் குடியிருக்கப் போகிறவனை அளக்கும் பார்வை. அன்றிலிருந்து அவர் அதை எஞ்சின் என்று சொன்னதே இல்லை. “அவன் இண்டைக்கு எப்படி?” என்றுதான் கேட்பார்.

அவன் கொதித்துக்கொண்டிருந்தான்.

பழையவருக்கு 37 குதிரைவலு. வந்தவனுக்கு ஏறத்தாழ இரட்டிப்பு. எஞ்சினுக்குள் எரியும் பெற்றோலின் சூட்டில் சுமாராக மூன்றில் ஒரு பங்குதான் சில்லைச் சுற்றும். இன்னொரு பங்கு சைலன்சர் வழியே போய்விடும். மிச்சத்தைத் தண்ணீர் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்க வேண்டும். வலு இரட்டித்தால் அழுத்தி மிதிக்கும்போது அந்தச் சுமையும் இரட்டிக்கும். மைனரின் ரேடியேட்டரோ சிறு தீனிக்காரனுக்கு உலை வைத்துப் பழகியது. 1948இல் வந்த முதல் மைனர்களில் தண்ணீர்ப் பம்பே கிடையாது. சூட்டுத் தண்ணீர் தானாக மேலே ஏறும், ஆறிய தண்ணீர் தானாகக் கீழே இறங்கும், கார் ஓடும். இங்கிலாந்துக் குளிரில் அது போதும். ஆடி மாதத்துக் கச்சான் காற்று மலைக்கு அந்தப் பக்கம் ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்டு வெறும் அனலோடு எங்கள் பக்கம் இறங்கும் என்பது இங்கிலாந்தில் யாருக்குத் தெரியும்?

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் வீதியின் இலக்கமும் ஏ15. ஏ15 வீதிக்கு ஏ15 எஞ்சின், பொருத்தம் பார்த்தே எடுத்தோம் என்று மாமாவிடம் சொல்லி வைத்திருந்தேன். வாழைச்சேனைக்குப் புறப்பட்ட ஒரு மத்தியானம், வந்தாறுமூலை தாண்டியதும் பொனட்டின் இரு பக்கமும் ஆவி கிளம்பியது. கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் அது. ஆலோசனைக்கு என்ன குறை?

முதலில் ஓட்டோக்காரத் தம்பி. “தெர்மோஸ்டாட்டக் கழட்டி எறிங்க அண்ணன், எல்லாம் சரியாகிரும்.” இலங்கையில் இது வைத்தியம் அல்ல, ஒரு மதம். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் சூடேற நேரமெடுக்கும், பெற்றோல் கூடக் குடிக்கும், உள்ளே தேயும். இருந்தும் எங்கள் ஊர்ப் பழைய கார்கள் அநேகம் அந்த உறுப்பை எப்போதோ துறந்தவை. அடுத்து வந்தவர் மோட்டார் சைக்கிளில் மீன் விற்பவர். தன் ரெஜிபோம் பெட்டியைத் திறந்து, கீரி மீன் செதில் ஒட்டிய ஐஸ் கட்டி ஒன்றை எடுத்து நீட்டினார். கொதிக்கிற இரும்பில் ஐஸைப் போட்டால் எஞ்சின் வெடித்துப் பிளக்கும் என்று சொல்லித் தடுத்ததில் அவருக்கு மனவருத்தம். ஓய்வுபெற்ற ஓவசியர் ஒருவர் எட்டிப் பார்க்காமலே “ஹெட் கேஸ்கட்” என்றார். ஹெட் கேஸ்கட் போனால் ரேடியேட்டருக்குள் குமிழி வரவேண்டும் ஐயா, வரவில்லையே என்றேன். “வரும்” என்றார்.

பாடும் மீனைக் குறிப்பிடாமல் மட்டக்களப்பைப் பற்றி எழுதக்கூடாது என்று ஒரு எழுதாச் சட்டம் உண்டு. கடமையை முடித்துவிடுகிறேன்: ஒரு பூரணை இரவில் கல்லடிப் பாலத்தில் எங்கள் ரேடியேட்டர் மூடி மெல்லிய விசில் அடிக்கத் தொடங்க, அந்தப் பக்கம் 1924இல் திறந்த பழைய பாலத்தில் மீனுக்காகக் காது கொடுத்து நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

கடைசியில் காத்தான்குடியில் ஒரு நானாவிடம் போனேன். கராஜ் என்று சொல்லப் பெயர்ப்பலகைகூட இல்லை. வேப்பமரமும் ஒரு வாங்கும். எல்லாரும் விடை சொன்ன இடத்தில் அவர் மட்டும் கேள்வி கேட்டார்.

“சேர், ஓடக்குள்ள கொதிக்குதா, நிக்கக்குள்ள கொதிக்குதா?”

இந்த ஒரு கேள்வியில் பாதி வைத்தியம் முடிந்துவிடுகிறது. நிற்கும்போது கொதித்தால் காற்று போதவில்லை: ஃபேனைப் பார். ஓடும்போது கொதித்தால் காற்றுக்குக் குறைவில்லை, தண்ணீர் ஓடவில்லை. எங்களுடையது ஓடும்போது கொதிப்பது. சந்தையடியில் நெரிசலுக்குள் ஊர்ந்தால் சாது.

மறுநாள் வீட்டுக்கே வந்துவிட்டார். முதலில் டாஷ்போர்ட்டுக்குக் கீழே புதிதாகப் பூட்டியிருந்த சூட்டு மீற்றரில் அவருக்குச் சந்தேகம். எஞ்சினிலிருக்கும் சென்சர் யப்பான், மீற்றர் ஆங்கில மாதிரி. ஒன்று சொல்வது மற்றதற்கு விளங்காது. என் மனைவியின் பால் காய்ச்சும் சட்டியைக் கேட்டு வாங்கி, தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து, சென்சரைக் கழற்றி அதற்குள் தொங்கவிட்டு, வயர்களை நீட்டிப் பிடித்தார். முள் சிவப்பையும் தாண்டிப்போய் முட்டிக்கொண்டு நின்றது. “நூறு பாகைக்கே இவ்வளவு கத்துறான்” என்றார். பிறகு சட்டியை எடுத்துவைத்து, தண்ணீர் சற்று ஆறியதும் முள் இறங்கி வந்த இடத்தில், வீட்டில் கியூட்டெக்ஸ் இருக்கிறதா என்று கேட்டு, மீற்றர்க் கண்ணாடியில் சிவப்பாக ஒரு கோடு இழுத்தார். “இதுக்கு மேல போனா மட்டும் பயப்புடுங்க.” பால் சட்டி திரும்பச் சமையலறைக்குள் அனுமதிக்கப்படவில்லை. கியூட்டெக்ஸ் போத்தலும் இப்போது காரின் சாமான் பெட்டியில்தான் இருக்கிறது.

ஆனால் ஆவி வந்ததும் உண்மை. எஞ்சினை ஓடவிட்டு, பொனட்டுக்குள் தலையை விட்டு, கார்புரேட்டர்க் கம்பியை விரலால் இழுத்தார். எஞ்சின் இரைந்தது. “இஞ்ச பாருங்க சேர்.” ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்புக்குப் போகும் தடித்த ரப்பர் ஹோஸ், கண்முன்னாலேயே இரண்டு கன்னமும் ஒட்டித் தட்டையாகியது. விரலை விட்டார், பொம்மென்று பழையபடி உருண்டுகொண்டது. மைனரின் துவாரம் ஒரு அளவு, நிசான் பம்பின் துவாரம் இன்னொரு அளவு என்பதால், எஞ்சினை மாற்றியவர் ஏதோ மெல்லிய ஹோஸை இழுத்துப் பூட்டியிருந்தார். உள்ளே சுருள் கம்பி இல்லை. வேகமாக ஓடும்போது பம்பு உறிஞ்சும், ஹோஸ் ஒட்டும், தண்ணீர் நிற்கும், கார் கொதிக்கும். நாங்கள் இறங்கிப் பொனட்டைத் திறக்கும் நேரம் அது ஒன்றும் அறியாத முகத்தோடு உருண்டையாக இருக்கும். வந்தாறுமூலையில் நின்ற அத்தனை நிபுணர்களும் பார்த்தது அந்த முகத்தைத்தான்.

பம்பு அப்படி உறிஞ்சுவதற்கும் காரணம் இருந்தது. ரேடியேட்டரின் மேல் தொட்டியைப் பிரித்தபோது குழாய்களில் பாதி அடைத்திருந்தன. கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணல் திட்டில் வெட்டிய கிணற்றுத் தண்ணீரை அறுபது வருடம் ஊற்றினால் வேறென்ன வரும்? ஒவ்வொரு குழாயாகத் தகட்டுக் கம்பி விட்டுக் குத்தி எடுத்தார்கள். தெர்மோஸ்டாட் இருந்த இடத்திலேயே இருக்கிறது. யப்பான் மூடியைப் போட்டு அழுத்தத்தைக் கூட்டச் சொல்லிச் சிலர் வந்தார்கள். அழுத்தம் கூடினால் தண்ணீர் கொதிக்கும் நிலையும் கூடும் என்பது சரிதான். பழைய ஈய ஒட்டு வெடிக்கும் என்பதும் சரி. நானா மைனரின் 7 இறாத்தல் மூடியையே போட்டார்.

மாமா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “பழைய எஞ்சின் ஒரு நாளும் கொதிச்சதில்ல.”

“அந்தக் காருல கொம்பனி சூட்டு மீற்றரே வெக்கல்லையே ஐயா” என்றார் நானா, நட்டை இறுக்கிக்கொண்டே. “மறுகா எப்படிக் கண்டீங்க?”

நானும் என் பங்குக்கு ஒன்று சொன்னேன். மாமா ஒரிஜினல் என்று கொண்டாடும் எஞ்சினும் மொறிஸ் வீட்டுப் பிள்ளை அல்ல. மொறிஸின் சொந்த எஞ்சின் 918 சீசீ. 1952இல் ஒஸ்ரினும் மொறிஸும் ஒன்றானபோது அதைக் கழற்றிவிட்டு ஒஸ்ரின் எஞ்சினைப் பூட்டினார்கள். எங்கள் 948 அதன் வாரிசு. அதே 1952இல்தான் நிசான் ஒஸ்ரினோடு உடன்படிக்கை எழுதி, அவர்களுடைய கார்களை யப்பானில் கட்டித் தொழில் பழகியது. 1966இல் நிசான் தன் சொந்த ஏ எஞ்சினை இறக்கியபோதும் அந்தச் சாயல் போகவில்லை. ஆகவே பழையவரும் ஒஸ்ரின் வழி, வந்தவனும் ஒஸ்ரின் வழி. கொண்டான் கொடுத்தான் முறைக்குள்தான் எல்லாம் நடந்திருக்கிறது.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. குனிந்து காருக்கு அடியில் பார்த்தார். சீமெந்துத் தரையில் கறுப்பாக ஒரு சொட்டு.

“அதுதான் பாத்தன்” என்றார். “ஒழுகுற இடமும் அதேதான்.”