ஊதலியல்: மாரியோ கேசட்டும் மூச்சுக்காற்றும்

ஓடாத வீடியோ கேம் கேசட்டின் அடிவாயைத் தன் வாயருகே பிடித்து, பலங்கொண்ட மட்டும் காற்றைச் செலுத்தி, மீண்டும் பெட்டியில் செருகுதல் ஊதல் எனப்படும். காபியை ஆற்ற ஊதுவதும், அடுப்பை மூட்ட ஊதுவதும், நாகசுரம் ஊதுவதும் இதில் அடங்கா. காபியை ஊதுபவர் அது ஆறும் என்று அறிந்தே ஊதுகிறார். அடுப்பூதுபவருக்கு ஊதுகுழல் என்னும் கருவி உண்டு. நாகசுரக்காரர் முன்பணம் வாங்கிக்கொண்டுதான் சீவாளியைத் தொடுகிறார். கேசட் ஊதுபவனுக்கு அறிவும் இல்லை, கருவியும் இல்லை, கூலியும் இல்லை. நம்பிக்கை ஒன்றே முதல். பயந்த குழந்தைக்கு ஓதி ஊதும் வழக்கம் இதற்கு முன்னோடி என்பாரும் உளர். அங்கே பெரியவர் ஊதச் சிறுவன் குணமாகிறான். இங்கே சிறுவன் ஊத டிவி குணமாகிறது. இது தனியே ஆய்தற்குரியது; விரிவஞ்சி விடப்படுகிறது.

ஊதப்பட்ட கேசட்டுகளுள் தலையாயது ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’. ஜப்பானின் கியோட்டோ நகரத்து நின்டெண்டோ நிறுவனம் 1985 செப்டம்பர் 13 அன்று வெளியிட்டது. வடிவமைத்தோர் ஷிகெரு மியாமோட்டோ, தகாஷி தெசுகா. இசை கோஜி கொண்டோ. 1983இல் வந்த ஃபேமிகாம் என்னும் பெட்டியில் ஓடுவது. தலைவன் மாரியோ, 1981இல் ‘டாங்கி காங்’ ஆட்டத்தில் தச்சனாக வந்து, 1983க்குள் குழாய் ரிப்பேர்காரனாகத் தொழில் மாறியவன். ஆமையை மிதித்து, காளான் தின்று வளர்ந்து, எட்டு உலகம், உலகுக்கு நான்காக 32 கட்டம் கடந்து இளவரசியை மீட்பது கதை. முதல் ஏழு கோட்டைகளிலும் அவள் இல்லை. வேறு கோட்டையில் இருப்பதாகத் தகவல் மட்டும் தரப்படும். ஒரு சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் ஜன்னல்களில் அலைந்தவர்க்கு இவ்விடம் உரை இல்லாமலே விளங்கும்.

ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடக்கம். இந்தக் கட்டுரையைக் கணினியில் சேமித்தால் அதில் பாதிக்கு மேல் இடத்தைப் பிடிக்கும். ஆட்டத்தில் இளவரசியாவது இருக்கிறாள். சிக்கனத்தின் பொருட்டு மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தைப் போட்டு, வெள்ளை பூசியதை வானத்திலும் பச்சை பூசியதைத் தரையிலும் வைத்தார்கள். ஒரே கட்டுரையை நிறம் மாற்றி இரண்டு கருத்தரங்குகளில் வாசிக்கும் முறை நம் பல்கலைக்கழகங்களுக்கு அங்கிருந்து வந்ததா, இங்கிருந்து அங்கே சென்றதா என்பது ஆய்தற்குரியது.

தமிழ்நாட்டுக்கு வந்தது மூலம் அன்று, படி. 1990களில் பர்மா பஜாரிலும், துபாய் மாமாக்களின் சூட்கேஸிலும், ஊர்க்கடை ஷோகேஸிலும் கிடைத்தவை பெரும்பாலும் ஃபேமிகாமைப் பார்த்து வேறு பெயரில் செய்த பெட்டிகள். நின்டெண்டோ என்ற பெயரையே கேள்விப்படாமல் அதன் ஆட்டத்தை ஆடி முடித்தவர்களே இங்கு மிகுதி. புலவர் பெயர் தெரியாமல் பாட்டை மட்டும் மனப்பாடமாக வைத்திருக்கும் நாட்டுக்கு இது புதிதல்ல. கேசட்டின் மேல் ஒட்டிய தாளில் 9999 ஆட்டங்கள் என்றிருக்கும். பட்டியலில் இறங்கிக்கொண்டே போனால் அதே மாரியோ 7ஆம் எண்ணிலும் 112ஆம் எண்ணிலும் 4,031ஆம் எண்ணிலும் வேறு வேறு பெயரில் வந்து நிற்பான். உள்ளபடி எண்ணினால் சில ஆட்டங்களே தேறும். வாழ்த்துரை, அணிந்துரை, பதிப்புரை, நன்றியுரை என்று அறுபது பக்கம் புரட்டியபின் இருபது பக்க நூலைச் சந்தித்தவர்கள் இதனால் அதிர்ச்சி அடைவதில்லை.

ஊதல் ஐவகைப்படும். ஏழு என்பவர்கள் இருமலையும் தும்மலையும் சேர்த்துக்கொண்டவர்கள். முதலாவது ஒற்றையூதல்: ஒரே மூச்சு, ஒரே ‘ஃபூ’. இரண்டாவது மவுத் ஆர்கன் ஊதல்: கேசட்டை உதட்டோரமாக இழுத்துக்கொண்டே ஊதுவது, இசை வராது. மூன்றாவது எச்சிலூதல், பேசாதிருப்பதே நாகரிகம். நான்காவது ஈரிடத்தூதல்: கேசட்டை ஊதிய கையோடு பெட்டியின் பொந்திலும் குனிந்து ஊதுவது. பொந்துத் தூசி ஊதியவன் கண்ணுக்கே திரும்பி வரும். ஐந்தாவது பிறரூதல். மேற்சொன்ன நான்கும் இதற்கு முன் சிறுபிள்ளை விளையாட்டு.

பிறரூதலாவது, தன் மூச்சு பலிக்காதபோது பலிக்கும் மூச்சுடையவனை அழைத்து ஊதச் செய்வது. வீட்டுக்காரப் பையன் எட்டுத் தடவை ஊதியிருப்பான். திரை சாம்பல் நிறத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும். அடாப்டர் தோசைக்கல் சூட்டுக்கு வந்திருக்கும். அப்போது பின்வரிசையிலிருந்து “அவன்கிட்ட குடுடா” என்று ஒரு குரல் எழும். மூன்றாம் வீட்டுப் பையன் எழுந்து வருவான். கேசட்டை வாங்கி பனியன் நுனியால் ஒரு துடைப்பு, ட்யூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் ஒரு பார்வை, பிறகு ஊதல். செருகும்போது முழுக்க அழுத்தமாட்டான், ஒரு நூல் உயர்த்தி நிறுத்துவான். திரை தெளியும். டாக்டருக்குக் கைராசி போல் இவனுக்கு வாய்ராசி. கூலி, ஒரு லைஃப். பெட்டிக்கு உடைமையாளன் வீட்டுக்காரப் பையனே ஆயினும், ஜாய்ஸ்டிக்கை முதலில் யார் பிடிப்பது என்று முடிவு செய்தது வாய்ராசிக்காரனே. அவனுக்கு அம்மை போட்டிருந்த பத்து நாளும் அந்தத் தெருவில் ஒரு ஆமைகூடச் சாகவில்லை என்கிறது வாய்மொழி வரலாறு.

ஊதல் எத்தனை முறை என்பதில் பாடபேதம் உண்டு. ‘மாடிவீட்டு அண்ணன் உரை’ மூன்று என்கிறது. ‘கோடை விடுமுறைக்கு வந்த அத்தை மகன் பாடம்’ ஐந்து என்கிறது. ஆனால் அத்தை மகன் தன் ஊரில் எல்லாமே பெரிது என்று சொல்பவன் ஆகையால் இதைக் கழித்துக்கொள்ளவேண்டும். எழுத்துச் சான்று ஒன்றே ஒன்று: ஒரு ஏழாம் வகுப்புக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம். அதில் பென்சிலால் ‘கேசட் வரலன்னா மூணு தடவ ஊ’ என்று எழுதியிருக்கிறது. அதற்கு மேல் தாள் இல்லை; ராக்கெட் செய்யக் கிழித்திருக்கிறார்கள். ‘ஊதணும்’ என்பது முதல் கட்சி. ‘ஊதக்கூடாது’ என்பது இரண்டாம் கட்சி. ‘ஊமையா உட்காரு’ என்பது மூன்றாம் கட்சி. இவர்கள் வீட்டில் அப்பா இரவு டியூட்டி முடித்துப் பகலில் தூங்குபவராக இருந்திருக்கலாம். நான்காம் கட்சி ‘ஊ’ எழுத்தே அன்று, மாரியோவின் தொப்பியும் மீசையும் என்று 112 பக்கத்தில் நிறுவுகிறது. அதில் 90 பக்கம் முதல் மூன்று கட்சியினரின் படிப்பைப் பற்றியது. எழுதப்பட்டது அரையாண்டுத் தேர்வுக்கு முன்னா பின்னா என்ற கேள்வியில் முன் என்பாரும் பின் என்பாரும் இன்றுவரை ஒரே பந்தியில் உட்காருவதில்லை. நோட்டு, அதைக் கண்டெடுத்தவரின் பீரோவில் இருக்கிறது. அவர் எவருக்கும் காட்டுவதில்லை. காட்டாமலே அதைப் பற்றி ஐந்து கட்டுரை எழுதிவிட்டார்.

அமெரிக்கச் சிறுவர்களும் ஊதினார்கள். இரு நாட்டுச் சிறுவர்க்கும் இடையே தொடர்பு எதுவும் இல்லை. ஆகவே ஊதல் இங்கிருந்தே அங்கு சென்றது என்று நிறுவும் பெருநூல் ஒன்று அச்சில் உள்ளதாம். கடல் கொண்ட நிலப்பரப்பில் முதல் கேசட் ஊதப்பட்டது அதன் முதல் இயல். ‘மாரியோ’ என்பது ‘மாரி’யின் விளி என்பது இரண்டாம் இயல். அந்தப் பெயர், நின்டெண்டோவின் அமெரிக்கக் கிடங்குக்கு உரிமையாளராக இருந்த மாரியோ சிகாலி என்பவரிடமிருந்து எடுத்தது என்பதை அடிக்குறிப்பு மறுக்கிறது.

இனி, ஊதினால் உண்மையில் என்ன நடந்தது? ஃபேமிகாம் கேசட்டின் அடியில் 60 உலோக முனைகள் உண்டு. அமெரிக்க மாதிரியில் 72. அவை பெட்டிக்குள் உள்ள முனைகளோடு ஒட்டினால் படம் வரும். அழுக்கோ களிம்போ குறுக்கிட்டால், அல்லது உள்முனைகள் தளர்ந்துபோனால், திரை நடுங்கும். கேசட்டை உருவி மறுபடி செருகும்போது முனைகள் உரசிச் சற்றே துலங்கும். உட்காரும் இடமும் ஒரு நூல் மாறும். வேலை செய்தது அந்தச் செருகல். மூச்சு அதன் கூடவே போய்ப் பெயர் வாங்கிக்கொண்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. மூச்சிலுள்ள ஈரம் முனைகளை அரிக்கும், ஊதாதீர்கள் என்று நின்டெண்டோவே அறிவுறுத்தியிருக்கிறது. ஊதற்கட்சியின் மறுப்பு வலுவானது: ஊதாமல் எடுத்துச் செருகிப் பார்த்தவர் எவர்? ஒருவரும் இல்லை. ஊதாத நிலையில் என்ன ஆகியிருக்கும் என்பதற்குத் தெருவில் ஒரு சான்றும் கிடையாது.

பெரியவர்கள் தரப்பிலிருந்து வந்தது பிக்சர் டியூப் கோட்பாடு. வீடியோ கேம் ஆடினால் பிக்சர் டியூப் போய்விடும். சீரியல் பார்த்தால் போகாது. இக்கோட்பாடு டிவியில் வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பாட்டு நிகழ்ச்சி நேரத்தில் உச்ச வலிமை பெற்றது.

கரண்ட் போதல்: ஆட்டத்தில் சேமிக்கும் வசதி கிடையாது. ஆகவே எட்டாம் உலகத்தில் நிற்பவனும் முதல் உலகத்துக்கே திரும்புவான்.

‘கோன்ட்ரா’ என்ற இன்னொரு ஆட்டத்தில் 30 லைஃப் தரும் பொத்தான் வரிசையை, ‘கிரேடியஸ்’ ஆட்டத்தைச் சோதித்துப் பார்க்கும்போது கடினமாக இருக்கிறதே என்று தன் வசதிக்காகச் சேர்த்தவர் கஸுஹிசா ஹஷிமோட்டோ. மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ. பதினாறாம் வாய்பாடு தடுமாறியவனும் இதில் தடுமாறியதில்லை.

வாத்து சுடும் ‘டக் ஹன்ட்’ துப்பாக்கியைப் பற்றி நீண்ட பூசல் உண்டு. துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் இருண்டு, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். குழாயிலுள்ள ஒளியுணரி அந்த வெள்ளையைக் கண்டால் வாத்து விழும். ட்யூப்லைட்டைக் குறிபார்த்தாலே போதும் என்ற கட்சியை அந்த இருட்டு தோற்கடித்துவிடுகிறது. வாத்து தப்பினால் நாய் எழுந்து சிரிக்கும். இன்றைய தட்டை டிவியில் இத்துப்பாக்கி வேலை செய்யாது. நாய் மட்டும் வந்து சிரித்துவிட்டுப் போகும்.

ஊதாதே என்று சொன்ன நின்டெண்டோ 2004இல் ‘டிஎஸ்’ என்ற கையடக்கப் பெட்டியை வெளியிட்டது. அதில் ஒரு மைக் இருந்தது. அதற்காக வந்த சில ஆட்டங்களில் மைக்கில் ஊதித்தான் காரியம் ஆகவேண்டும். ஊதற்கட்சி இதைத் தன் வெற்றியாகக் கொண்டாடுகிறது. 2016இல் பழைய பெட்டியின் சிறு வடிவம் 30 ஆட்டங்களை உள்ளேயே வைத்து வந்தது. அதில் கேசட்டும் இல்லை, பொந்தும் இல்லை, ஊத இடமும் இல்லை. 2023இல் அமெரிக்க காங்கிரஸ் நூலகம் கொண்டோவின் மாரியோ இசையைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. வீடியோ கேம் இசை அப்பட்டியலில் இடம்பெற்றது அதுவே முதல்முறை. ‘ஃபூ’ என்னும் ஒலி அதில் இல்லை.

2021 ஆகஸ்டில் அமெரிக்காவில் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ கேசட் ஒன்று 20 லட்சம் டாலருக்குக் கைமாறியது. கடையில் வாங்கிய உறையே பிரிக்காமல் இருந்தது அது. ஒருமுறைகூட ஊதப்படாதது.