துருவேறிய ஹெரால்டு: உதிரிபாகக் கொடை குறித்த ஓர் ஆராய்ச்சி

ஓடும் என்ற நம்பிக்கையால் அன்றி, உறுப்புகளைக் கழற்றி அதே இனத்து வேறொரு காருக்குப் பூட்டலாம் என்ற நோக்கத்தால், துருவேறிக் கிடக்கும் பழைய கார் ஒன்றை விலை கொடுத்து வாங்குவது தகுமா என்னும் வினா, சென்னைப் புதுப்பேட்டையின் உதிரிபாகக் கடைகளில் நாள்தோறும் எழுந்து, பேரம் படிந்ததும் அடங்கிவிடுவது. அறிஞர் அவையில் அதற்குரிய ஆசனம் இன்னும் இடப்படவில்லை. நூலின் பாயிரம் சொல்ல வேண்டியனவாக நன்னூலார் வகுத்த எட்டினுள், கேட்போர், பயன் என்னும் இரண்டை மட்டும் இங்குத் தெளிவுபடுத்தினால் போதும். கேட்போர், வீட்டுக் கொட்டகையில் ஓடாத கார் ஒன்றை ஏற்கெனவே உடையவராய், அதற்குத் துணையாக ஓடாத கார் மற்றொன்றைக் கொண்டுவர எண்ணுபவர். பயன் யாது என்பது வீட்டார் எழுப்பும் தடை. அதற்கு விடை காண்பதே இவ்வாராய்ச்சி நுதலிய பொருள். உறுப்பைத் தரும் கார் கொடைவண்டி என்றும், பெறும் கார் கொள்வண்டி என்றும் இனி வழங்கப்படும்.

எல்லாக் கார்களுக்கும் பொதுவாக இவ்வினாவை ஆராயப் புகுந்தால் முடிவு எதற்கும் பொருந்தாமல் போகும் ஆதலின், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் ஒரே இனம் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. இத்தாலியின் டூரின் நகரத்து ஜியோவானி மிக்கெலாட்டி வடிவமைக்க, இங்கிலாந்தின் கவன்ட்ரியில் 1959-இல் டிரயம்ஃப் ஹெரால்டு என வெளிவந்த இந்தக் கார், 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு என்னும் பெயர் தாங்கி, 948 சிசி எஞ்சினோடு, 1970களின் தொடக்கம் வரை செய்யப்பட்டது. இதனைத் தேர்ந்ததற்கு ஊர்ப்பற்று ஒரு காரணம்; உடலமைப்பு மற்றொரு காரணம். அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் பாடியே சட்டமுமாகப் பற்றவைக்கப்பட்டிருக்க, ஹெரால்டோ எஞ்சினையும் சக்கரங்களையும் தாங்கும் தனி இரும்புச் சட்டமாகிய சேஸிஸின் மீது பானெட், முன்சுவர், பின்தொட்டி, கூரை எனப் பல துண்டுகளைப் போல்ட்டும் நட்டும் கொண்டு முடுக்கிச் செய்யப்பட்டது. பாடி செய்து தந்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனம் 1953-இல் போட்டியாளரான பி.எம்.சி.யின் கைக்குப் போய்விடவே, முழு உடலையும் ஓரிடத்தில் அழுத்திச் செய்ய வழியின்றி, பல பட்டறைகளில் துண்டு துண்டாகச் செய்வித்துச் சேர்க்கும் நிலை ஹெரால்டைச் செய்தவர்களுக்கு ஏற்பட்டது. ஆகவே கழற்றுவதற்கென்றே பிறந்த கார் ஒன்று உண்டானால் அது ஹெரால்டே. கொடைவண்டிக் கோட்பாடு இங்கே தோற்குமாயின் வேறெங்கும் வெல்லாது.

கொடை என்று சொல்லிவிட்டு, முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைக் குறிப்பிடாமல் மேற்செல்வது முறையன்று. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வாகனத்தைக் கொடி படர விட்டுவிட்டுப் போன உரிமையாளர்களுள் காலத்தால் முற்பட்டவர் அவர். கொடி படர்ந்த பின் அத்தேரின் அச்சும் ஆரும் யாருக்குப் பயன்பட்டன என்று கேட்கப் புலவர்க்குத் தோன்றவில்லை போலும். கொல்லையில் பூசணிக்கொடி ஏறிய ஹெரால்டை வைத்திருப்போர் தம்மைப் பாரியின் மரபினர் எனக் கூறிக்கொள்ளத் தடையில்லை. ஆயினும் பாரி, கேட்டு வந்தவரிடம் இது மெட்ராஸ் நம்பர் வண்டி, இனிக் கிடைக்காது என்று சொல்லி விலையை உயர்த்தியதாகச் சான்று இல்லை.

இனித் துருவின் இலக்கணம். இரும்பு, ஆக்சிஜன், நீர் ஆகிய மூன்றும் கூடி உண்டாகும் நீரேறிய இரும்பு ஆக்சைடே துரு. உப்புக் கலந்த நீர் மின்னோட்டத்தை எளிதில் கடத்துமாதலால், கடற்காற்று படும் ஊரில் அது விரைந்து பரவும். இரும்பு முழுவதும் ஃபெர்ரிக் ஆக்சைடாக மாறினால் 100 கிலோ சுமார் 143 கிலோ ஆகும். அதனோடு சேரும் நீரின் எடை தனி. எனவே பழைய இரும்பை எடைக்கு வாங்கும் காயலான் கடையைப் பொறுத்தவரை, துருவேறுதல் என்பது கோட்பாட்டளவில் வட்டி தரும் முதலீடாகும். சுமார் 800 கிலோ எடையுள்ள ஹெரால்டில் 600 கிலோ இரும்பு எனக் கொண்டால்கூட, பொறுமையாகத் துருவேற விட்டால் வண்டி ஒரு டன்னைத் தாண்டிவிடும். இக்கணக்கில் உள்ள ஒரே குறை, துரு காரோடு ஒட்டி நில்லாது என்பதே. தான் பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடிப்பதால், அது தகட்டை உப்பச்செய்து செதில் செதிலாக உதிர, அடியிலுள்ள புதிய இரும்பு காற்றுக்குக் காட்டப்படுகிறது. டெல்லி மெஹ்ரௌலியின் இரும்புத்தூண், பாஸ்பரஸ் மிகுந்த இரும்பின் மேல் படிந்த மெல்லிய காப்புப் படலத்தின் துணையால் சுமார் 1600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நின்றுவருகிறது. ஆறு டன்னுக்கு மேற்பட்ட அத்தூணின் எடை ஏழு ஹெரால்டுகளின் எடையையும் மிஞ்சும். எனினும் குப்தர் காலக் கொல்லரிடம் தகடு வாங்கும் வாய்ப்பு வண்டலூருக்கு அமையவில்லை.

கொடைவண்டியை நேரில் ஆராயச் செல்பவர், தமிழ்த் தருக்க மரபு வகுத்த காண்டல், கருதல், உரை என்னும் மூன்று அளவைகளையும், அதாவது அறிவைப் பெறும் வழிகளையும், கைக்கொள்ள வேண்டும். இவற்றுள் உரை என்பது நம்பத்தக்கவர் கூற்று. வண்டியை விற்பவர் அவ்வரையறைக்குள் அடங்கார். கருதல் என்பது ஒன்றைக் கண்டு மற்றொன்றை உய்த்துணர்வது. புகையைக் கண்டு தீ உண்டென்று துணிவது தருக்க நூலார் காட்டும் பழைய எடுத்துக்காட்டு. ஹெரால்டின் பின்குழாயில் எழும் நீலப்புகையைக் கண்டு துணியத்தக்கதோ பிஸ்டன் ரிங்கின் தேய்வு. துருவேறி நிற்கும் வண்டி பெரும்பாலும் புகைவதே இல்லையாதலால், இவ்வளவை பயன்படாதொழிகிறது. எஞ்சுவது காண்டல். அதற்கும் பட்டி என்னும் பகை உண்டு. ஓட்டை விழுந்த தகட்டின் மேல் பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணுக்கு இரும்பாகவே தோன்றும் பசையே பட்டி. துணி சுற்றிய காந்தத்தைக் கதவின் அடிப்புறத்தில் வைத்துப் பார்க்க, அது ஒட்டாமல் நழுவினால் அங்கு இருப்பது இரும்பன்று என்பது தெளிவு. ஸ்குரூடிரைவரால் குத்திப் பார்க்கும் முறை இன்னும் தெளிவானது, ஆனால் விற்பவர் முன்னிலையில் செய்யத்தக்கதன்று.

தரைத்தகடு முழுவதும் போய், இருக்கையில் அமர்ந்தவாறே தெருவைக் காணக்கூடிய வண்டியில் ஒரு நுண்ணிய சிக்கல் எழுகிறது. இன்மையையும் கண்ணாலேயே அறியலாம் என்பது நையாயிகர் கொள்கை; அதை அறியத் தனி அளவை வேண்டும் என்பது மீமாஞ்சகருள் பாட்டர் கொள்கை. இன்மை எனப்படும் அபாவத்தின் வகைகளை அறிந்தவர்க்கு உதிரிபாகச் சந்தை முழுவதும் விளங்கிவிடும். தோன்றுவதற்கு முன் உள்ள இன்மை முன்னபாவம். கடைக்காரர் அடுத்த வாரம் வந்துவிடும் என்று சொல்லும் விண்ட்ஸ்கிரீன் பீடிங் இவ்வகையினது, அது பல ஆண்டுகளாக முன்னபாவத்திலேயே நிலைபெற்றிருப்பது. இருந்து அழிந்ததன் இன்மை அழிவுபாட்டபாவம். டிக்கியின் தரை இதற்கு எடுத்துக்காட்டு. எக்காலத்தும் இல்லாமை என்றுமபாவம் எனப்படும். ஹெரால்டின் ஏர்கண்டிஷனர் அத்தகையது. ஒன்று மற்றொன்று அன்று என்னும் இன்மை ஒன்றினொன்றபாவம்; ஹெரால்டின் கார்புரேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் எவ்வண்டியினதென்று அறியப்படாத ஒரு கார்புரேட்டர், கம்பியால் கட்டப்பட்டு அமர்ந்திருப்பது. வாங்க வருபவர் கவனமாக விலக்க வேண்டியது இந்நான்காவதையே, ஏனெனில் மற்ற மூன்றும் இல்லை என்பதை ஒத்துக்கொள்கின்றன.

இத்துறையின் மைய உண்மை இனிக் கூறப்படும். துரு குருட்டாம்போக்கில் அரிப்பதன்று. ஓரினத்துக் கார்கள் அனைத்தையும் ஒரே இடங்களில் அரிப்பது. ஹெரால்டின் பேட்டரி பானெட்டுக்கு அடியில் முன்சுவரிலேயே ஒரு தட்டில் அமர்ந்திருப்பதால், கசியும் அமிலம் அத்தட்டைத் தின்கிறது. கதவுக்குள் இறங்கும் மழைநீர் வடியும் துளைகள் குப்பையால் அடைபடுவதால் கதவின் அடி போகிறது. சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் கைகள், சக்கரம் வாரியடிக்கும் சேற்றை ஏற்று உள்ளிருந்தே கரைகின்றன. கொள்வண்டிக்குப் பேட்டரித் தட்டும் கதவடியும் சேஸிஸின் கைகளும் தேவைப்படுவது இக்காரணங்களாலேயே. கொடைவண்டியிடம் அவை இல்லாமற்போனதும் இதே காரணங்களாலேயே. கொள்வண்டியில் எது கெடவில்லையோ அது கொடைவண்டியிலும் கெடாமல் பளபளவென்று கிடைக்கும். ஒரு கார் தரக்கூடியது எல்லாம் மற்றதற்கு வேண்டாதது, மற்றதற்கு வேண்டியது எல்லாம் இது தர இயலாதது என்னும் இந்நிலைக்கு ஒத்தநோய் விதி எனப் பெயரிடலாம். இவ்விதிக்கு விலக்கு, இரு வண்டிகளும் வெவ்வேறு தட்பவெப்பத்தில் வாழ்ந்திருத்தல். பட்டினப்பாக்கத்து வண்டிக்குக் கோயம்புத்தூர் வண்டி கொடையாகலாம். பட்டினப்பாக்கத்துக்கு அதே கடற்காற்று படும் திருவான்மியூர் ஆகாது.

ஆயின் கொடைவண்டியால் பயனே இல்லையோ எனின், அற்றன்று. எண்ணெயில் ஊறிக்கிடக்கும் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் வெளியே துருவின் கோலம் பூண்டிருந்தாலும் உள்ளே பெரும்பாலும் நலமாகவே இருக்கும். ஆனால் கெட்டிப்பட்ட அவ்வுறுப்புகள் எளிதில் தேய்வதில்லையாதலால் ஹெரால்டு வைத்திருப்போர் பலரிடம் ஏற்கெனவே ஒன்று மிகையாக உண்டு. உண்மையான செல்வம் சிறியவற்றில் உள்ளது. கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி, பானெட்டைப் பக்கவாட்டில் பூட்டும் கொக்கி, மீட்டர்கள், விளக்கின் வளையம், வளைவுக் கண்ணாடி ஆகியவற்றை இங்குப் புதிதாகச் செய்வோர் அரியர். டிங்கரிங் பட்டறையில் தகட்டை அடித்து உருவாக்கலாம், கண்ணாடியை அடித்து உருவாக்க முடியாது. முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் துண்டு தனியே கருதத்தக்கது. லோட்டஸ் நிறுவனத்தின் சிறு ஸ்போர்ட்ஸ் கார்கள் சிலவும் பயன்படுத்திய புகழ் அதற்குண்டு. அதன் கீழ்முனை டிரன்னியன் எனப்படும் வெண்கலத் துண்டுக்குள் திருகாணி போல் இறங்கித் திரும்புவது. அங்கு இடவேண்டியது எண்ணெய், பல பட்டறைகள் இட்டதோ கிரீஸ். மரை துருப்பிடித்த அத்துண்டைக் கொடைவண்டியிலிருந்து எடுத்துப் பூட்டுவோர், 25 அடி விட்டத்துக்குள் வட்டமடிக்கும் ஹெரால்டின் பெருமைமிக்க திருப்பத்தின் நடுவே சக்கரம் மட்டும் தனிவழி போவதைக் காண நேரும். இது ஒன்றையேனும் புதிதாக வாங்குக.

ஆவணங்களைப் பற்றிச் சுருங்கச் சொன்னால் போதும். ஒரு வாகனம் நிலையாகப் பயன்பாட்டுக்கு உதவாததாகிவிட்டால் அதனைப் பதிவு அலுவலகத்துக்கு 14 நாளில் தெரிவிக்க வேண்டும் என 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு கூறுகிறது. 50 ஆண்டு கடந்து, தன் மூல வடிவில் உள்ள காரை விண்டேஜ் வாகனமாகப் பதிய 2021-ஆம் ஆண்டு விதிகள் 20,000 ரூபாய் கட்டணம் விதிக்கின்றன. ஆதலின் ஆர்.சி. புத்தகமும் சேஸிஸ் எண்ணும் ஒத்திருக்கும் துருவேறிய வண்டி, ஓடும் ஆனால் தாளில்லாத வண்டியைவிட மதிப்புடையது என்னும் விந்தையான நிலை தோன்றுகிறது. துரு தீண்டாத ஒரே பகுதி தாள். அதனைக் கரையான் பார்த்துக்கொள்ளும்.

கொடை முற்றுப்பெறும் காலத்தில் தத்துவச் சிக்கல் ஒன்று காத்திருக்கிறது. மிலிந்த பஞ்ஹ என்னும் பாலி நூலில், தேரேறி வந்த யவன மன்னன் மிலிந்தனிடம் நாகசேனர், அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதுவும் தேரன்று என அவனை ஒப்புக்கொள்ளச் செய்கிறார். உறுப்புகளின் வேறாக முழுமை என்னும் ஒரு பொருள் உண்டு என்பது நையாயிகர் மறுப்பு. புதுப்பேட்டை இப்பூசலில் நாகசேனர் பக்கமே நிற்கிறது. அங்கு முழுமைக்குத் தனி விலை கிடையாது. வாங்கியவர் நிலையோ வேறு. கழற்றத் தொடங்கும் நாளில் அவர் கொடைவண்டியின் கதவு தம் கதவைவிட நேராக மூடுவதைக் காண்கிறார். மறுநாள் அதன் கூரை உறுதியாயிருப்பதையும், பின்னர் அதன் சேஸிஸ் நேராயிருப்பதையும் காண்கிறார். கொள்வண்டியின் கைப்பிடி ஒன்றைக் கழற்றிக் கொடைவண்டியில் பூட்டிப் பார்ப்பது, அளவு சரிதானா என்று அறிவதற்காக மட்டுமே நிகழ்வது. அது மீண்டும் கழற்றப்படுவதில்லை. சில மாதங்களில் எது தருவது, எது பெறுவது என்பது வீட்டாருக்கு மட்டுமன்றி மெக்கானிக்குக்கும் விளங்காமற்போக, இரண்டும் செங்கல்லின் மேல் நிற்கின்றன. அடியில் தேங்கிய நீரில் கொசு உண்டா என்று பார்க்க வந்த மாநகராட்சி ஊழியர் இரண்டையும் ஒரே வண்டியாக எண்ணிக் குறித்துக்கொள்வது பிழையாகாது.

அந்நிலையில் தெருவழியே செல்லும் மூன்றாம் ஹெரால்டு உரிமையாளர் ஒருவர் வாசலில் நின்று, இரண்டில் ஒன்றை ஸ்பேருக்குத் தருவீர்களா, சார் என்று பணிவோடு கேட்பார். அவர் விரல் சுட்டுவது கொள்வண்டியையே.