செப்பெலின் சொதப்பிய சாயங்காலங்கள்

இந்த வாரத் தபாலில் முக்கால்வாசி லெட் செப்பெலின் ராக் குழுவைப் பற்றித்தான். அதிலும் அந்தக் குழு நன்றாக வாசித்த ராத்திரி எது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. தீவிர ரசிகர் என்றாலே அப்படித்தான். தன் ஆள் தோற்ற தேதிகளை எதிரியைவிடச் சுத்தமாக மனப்பாடம் செய்து வைத்திருப்பார்.

சேலம் வாசகர்: லெட் செப்பெலினின் ஆக மோசமான கச்சேரி எது?

ஜூலை 13, 1985. ஃபிலடெல்ஃபியா, ஜே.எஃப்.கே. ஸ்டேடியம், 'லைவ் எய்ட்'. மற்ற விஷயங்களில் அடித்துக்கொள்ளும் ரசிகர்கள்கூட இதில் ஒரே கட்சி.

எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த நிகழ்ச்சி. எதிரே சுமார் 90,000 பேர், டி.வி.யில் உலகமே. டிரம்மர் ஜான் பான்ஹம் இறந்து ஐந்து வருஷம் ஆகப்போகிறது. அவர் ஒருவர் செய்த வேலைக்கு இரண்டு பேரை உட்கார வைத்தார்கள். ஒருவர் டோனி தாம்சன். இன்னொருவர் ஃபில் காலின்ஸ். காலின்ஸ் அன்று லண்டன் வெம்ப்ளி மேடையில் பாடி முடித்து, கான்கார்டில் ஏறி, அட்லாண்டிக்கைத் தாண்டி, அதே நாளில் இங்கே வந்து இறங்கினார். ஒலியை முந்திக்கொண்டு பறந்து வந்தவர், பாட்டில் மட்டும் மற்றவர்களை எட்டிப் பிடிக்க முடியாமல் திணறினார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவரோடு சேர்ந்து ஒத்திகை பார்க்க யாருக்கும் நேரமில்லை.

ஜிம்மி பேஜின் கிட்டாரில் சுருதி சேரவில்லை. ராபர்ட் பிளான்ட்டுக்குத் தொண்டை கட்டியிருந்தது. பக்கத்தில் இருப்பவர் என்ன வாசிக்கிறார் என்பது மேடையில் இருந்தவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. மூன்றே பாட்டு. அதற்குப் பிறகு ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டு வருஷக்கணக்கில் பேட்டிகள் கொடுத்தார்கள். காலின்ஸ் ஒருபடி மேலே போய், பாதியில் எழுந்து போய்விடலாமா என்றுகூட யோசித்ததாகச் சொன்னார். 2004இல் லைவ் எய்ட் டி.வி.டி. வந்தபோது தங்கள் பகுதியைச் சேர்க்க செப்பெலின் சம்மதிக்கவே இல்லை. அதற்குப் பதிலாக நன்கொடை தருகிறோம் என்றார்கள். வாசிப்பதற்குக் காசு வாங்கும் கலைஞர்களைப் பார்த்திருக்கிறோம். வாசித்ததை மறைக்கக் காசு கொடுத்தவர்கள் இவர்கள்.

ஸ்டேடியத்தில் இருந்த கூட்டம் மட்டும் கடைசிவரை ஆனந்தக் கூத்தாடியது. யாருக்குக் காது கேட்டது?

ஈரோடு வாசகி: குழுவின் நால்வரில் யார் சிறந்தவர்?

ஜான் பால் ஜோன்ஸ். அடுத்த கேள்வி.

மயிலாப்பூர் வாசகர்: 'மோபி டிக்' என்று பெயர் வைத்து அரை மணி நேரம் டிரம்ஸை மட்டும் அடித்தாராமே பான்ஹம்? ஜனங்கள் எப்படித் தாங்கினார்கள்?

மயிலாப்பூரில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா, ஐயா? டிசம்பரில் மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்த மறு நிமிஷம் சபா என்ன ஆகிறது? பின்வரிசை எழுந்திருக்கும். நடுவரிசை அதைப் பார்த்துத் தைரியம் பெறும். கோர்வை முடிவதற்குள் பாதி ஊர் கேன்டீனில் அசோகா அல்வாவுக்கு வரிசை கட்டி நிற்கும். அமெரிக்க ரசிகர்களும் அதே ஜாதிதான். பான்ஹம் ஆரம்பித்தால் கழிப்பறைக்கும் பியர் கடைக்கும் படையெடுத்தார்கள்.

ஒரு வித்தியாசம் உண்டு. நம் பாடகர் பாவம், தனி முடியும்வரை மேடையிலேயே தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். செப்பெலினில் மற்ற மூவரும் நைசாக உள்ளே போய்விடுவார்கள். பான்ஹம் சில சமயம் குச்சிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறுங்கையால் அடிப்பார். அதைப் பார்க்காமல் பியர் வாங்கப் போனவன் ஏமாந்ததாகச் சொன்னால் அந்தப் புகாரை நான் ஏற்க மாட்டேன். தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போகிறவர்களைப் பற்றி இந்தப் பகுதியில் ஏற்கெனவே போதுமான அளவு திட்டியிருக்கிறேன்; இன்னும் திட்டுவேன்.

திருநெல்வேலி வாசகர்: மழையால் நின்றுபோன கச்சேரி உண்டா? டிக்கெட் காசு என்ன ஆயிற்று?

காசில் குறியாக இருக்கிறீர்கள், நல்ல ரசிகர். 1977 ஜூன் 3, ஃபுளோரிடாவில் டாம்பா ஸ்டேடியம். சுமார் 70,000 பேர். மழையோ வெயிலோ கச்சேரி உண்டு என்று டிக்கெட்டிலேயே அச்சடித்திருந்தார்கள். வானம் டிக்கெட்டைப் படிக்கவில்லை. மூன்று பாட்டு, இருபது நிமிஷம், கொட்டோ கொட்டென்று மழை. குழு இறங்கிப் போய்விட்டது. காத்திருந்து பார்த்த கூட்டம் கச்சேரி இல்லை என்று தெரிந்ததும் ரகளையில் இறங்க, கலவரத் தடுப்புப் போலீஸ் தடியைத் தூக்கியது.

இதே டாம்பாவில்தான் 1973இல் 56,800 பேரைக் கூட்டி, பீட்டில்ஸ் ஷியா ஸ்டேடியத்தில் வைத்திருந்த 55,600 என்ற சாதனையை உடைத்திருந்தார்கள். ஊர் அதை மறக்கவில்லை. அதனால்தான் ஆத்திரமும் அதிகம்.

மழைக்குப் பயந்த கோழைகள் என்று இன்றும் சில ரசிகர்கள் பேசுவார்கள். மேனேஜர் பீட்டர் கிரான்ட் எதற்கும் பயந்தவர் அல்ல. ஆனால் நனைந்த மேடைக்குப் பயந்தார். அவர் நிர்வகித்த இன்னொரு குழு 'ஸ்டோன் த குரோஸ்'. அதன் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி 1972 மே மாதம் ஸ்வான்ஸீ நகரில் மேடையிலேயே, சரியாக எர்த் செய்யாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். அதைப் பார்த்த மேனேஜரிடம் போய் டிக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துக் காட்ட முடியுமா?

கோவை வாசகர்: 'தி சாங் ரிமெய்ன்ஸ் தி சேம்' படத்தில் இருப்பது அசல் கச்சேரிதானே?

பாதி. 1973 ஜூலையில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் எடுத்தார்கள். ஃபிலிமைப் போட்டுப் பார்த்தால் ஆங்காங்கே ஓட்டை. அடுத்த வருஷம் இங்கிலாந்து ஷெப்பர்டன் ஸ்டூடியோவில் மேடை போட்டு, அதே சட்டையை மாட்டி, மீண்டும் வாசித்தார்கள். அதற்குள் ஜான் பால் ஜோன்ஸ் முடியை வெட்டியிருந்தார். டோப்பா வைத்துவிட்டார்கள். எல்லா அவமானமும் என் தலைவருக்குத்தான்.

தஞ்சை வாசகர்: லைவ் எய்டுக்குப் பிறகாவது பாடம் கற்றார்களா?

இல்லை. 1988 மே 14, அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸின் 40ஆம் ஆண்டு விழா. பான்ஹமின் மகன் ஜேசன் டிரம்ஸில். நாள் முழுக்க ஓடிய விழாவில், நள்ளிரவு தாண்டித்தான் இவர்கள் முறை வந்தது. 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாடுவதா வேண்டாமா என்று பிளான்ட்டும் பேஜும் மேடையேறும் நேரம்வரை தகராறு. 'காஷ்மீர்' பாட்டின் உயிரே கீபோர்டு. டி.வி.யில் பார்த்தவர்களுக்கு அது மட்டும் கேட்கவில்லை! கீபோர்டு யார் என்று கேட்க மாட்டீர்களே?

போதாக்குறைக்கு 1994இல் பேஜும் பிளான்ட்டும் சேர்ந்து புறப்பட்டபோது ஜோன்ஸைக் கூப்பிடவே இல்லை. மறு வருஷம் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் விழா மேடையில், என் போன் நம்பர் ஒருவழியாக ஞாபகம் வந்ததற்கு நண்பர்களுக்கு நன்றி என்ற பொருளில் ஒரு போடு போட்டார். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

நெய்வேலி வாசகி: பான்ஹம் மேடையில் மயங்கி விழுந்தது உண்மையா? அதையும் ரசிகர்கள் ஏமாற்றக் கணக்கில்தான் சேர்க்கிறார்களா?

உண்மை, அம்மா. 1980 ஜூன் 27, ஜெர்மனியில் நியூரம்பர்க். மூன்றாவது பாட்டு முடிந்ததும் சரிந்தார். கச்சேரி அதோடு நின்றது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதிகம் சாப்பிட்டுவிட்டார் என்று குழுவின் தரப்பில் சொன்னார்கள். பத்திரிகைகள் அதை அப்படியே போட்டன.

ஜூலை 7 அன்று பெர்லினில் வாசித்தார். அதுதான் அவருடைய கடைசி மேடை. செப்டம்பர் 24 அன்று, அமெரிக்கப் பயணத்துக்கு ஒத்திகை. காலையிலேயே வோட்காவில் ஆரம்பித்தார். நாள் முழுக்க நிறுத்தவில்லை. இரவு பேஜின் வீட்டில் படுக்க வைத்தார்கள். மறுநாள் எழுந்திருக்கவில்லை. வயது 32. டிசம்பர் 4 அன்று, அவர் இல்லாமல் தொடர மாட்டோம் என்று அறிக்கை விட்டு மற்ற மூவரும் குழுவைக் கலைத்தார்கள்.

நியூரம்பர்க்கை ரசிகர்கள் அந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறார்கள். நான் சேர்ப்பதில்லை. அன்று மேடையில் விழுந்தது ஒரு நோயாளி. டிக்கெட் வாங்கியவர்களுக்கு அது தெரிய வழியில்லை. கூட இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களும் அடுத்த ஊருக்கு டிரம்ஸை ஏற்றி அனுப்பினார்கள்.

புதுச்சேரி வாசகர்: மோசமான கச்சேரியின் ஒலிப்பதிவைக்கூடத் தேடித் தேடிக் கேட்கிறார்களே, என்ன வியாதி?

முற்றிய வியாதி. 1977 ஜூன் 21 லாஸ் ஏஞ்சல்ஸ் கச்சேரியைக் கேட்டால் இதைவிட மேலே ஒன்று இருக்க முடியாது என்று தோன்றும். அதே பயணத்தில் நான்கு வாரம் கழித்து சியாட்டில் கிங்டோம் கச்சேரி. அதன் வீடியோவைப் பார்த்தால் இதற்குக் கீழே ஒன்று இருக்க முடியாது என்று தோன்றும். லாஸ் ஏஞ்சல்ஸ் கச்சேரியைப் பதிந்தவர் ஒரு ரசிகர். நல்ல கால் இருந்தும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, சீட்டுக்கு அடியில் டேப் ரெக்கார்டரை ஒளித்துக்கொண்டு உள்ளே போகிற பேர்வழி.

ஒளிக்காமல் என்ன செய்வார்? பதிவு செய்கிறவன் கையில் அகப்பட்டால் கிரான்ட் கருவியை உடைத்துவிடுவார். 1971இல் கனடாவின் வான்கூவரில் அப்படி ஒரு கருவியைச் சுக்குநூறாக்கினார்கள். பிறகுதான் தெரிந்தது, அது இரைச்சலை அளக்க வந்த அரசாங்க அதிகாரிகளுடையது.

வேலூர் வாசகர்: இந்தியாவில் வாசித்தார்களா?

முழுக் குழு இல்லை. 1972இல் பேஜும் பிளான்ட்டும் பம்பாய் கொலாபாவில் 'ஸ்லிப் டிஸ்க்' என்ற கிளப்பில், இரவல் வாத்தியங்களோடு வாசித்தார்கள். ஏமாந்தவர் யாரும் இதுவரை எனக்கு எழுதவில்லை.

ஆம்பூர் வாசகர்: அடுத்த வாரம் ரோலிங் ஸ்டோன்ஸ் பற்றி எழுதுவீர்களா? செப்பெலின் தொல்லை போதும்.

தாராளமாக. 'ஷீஸ் எ ரெயின்போ' பாட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதற்கு வயலின் பகுதிகளை அமைத்துக் கொடுத்தவர் ஜான் பால் ஜோன்ஸ்.